பணம் வந்தது, கணக்கு வரவில்லை: போக்கர் நிறுவனம் ஒன்றுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தாருக்கு,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை உங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவிலிருந்து எனக்கு இரண்டு வரிப் பதில் வந்தது. "உங்கள் கணக்கில் நிலுவை ஏதும் இல்லை. பழைய ஆட்டப் பதிவுகளை வழங்க இயலாது." செப்டம்பரிலிருந்து நான் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் சேர்த்து வந்த ஒரே பதில் இதுதான். தனியாக எழுதிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டதால் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். உங்கள் பெயரைக் குறிப்பிடவில்லை. உங்களுக்குத் தெரியும், அது போதும்.

நிலுவை இல்லை என்பது உண்மை. 2025 ஆகஸ்ட் 22-ஆம் தேதி பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடுக்கும் மத்திய அரசின் புதிய சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். பணம் வைத்துப் போக்கர் சீட்டு ஆடும் உங்கள் இணைய மேசைகளை நீங்கள் மூடினீர்கள். என் கணக்கில் கிடந்த 11,340 ரூபாயைச் சில நாட்களில் வங்கிக்கு அனுப்பினீர்கள். அதற்கு நன்றி. நான் கேட்பது பணத்தை அல்ல. நானும் என் தம்பியும் உங்கள் மேசைகளில் ஆடிய ஒவ்வொரு கையின், அதாவது சீட்டுப் போட்ட ஒவ்வொரு சுற்றின், பதிவையும் கேட்கிறேன். எந்தச் சீட்டு வந்தது, எவ்வளவு வைத்தோம், எப்போது சீட்டைக் கவிழ்த்து விலகினோம், எதில் தோற்றோம் என்ற விவரம். அது எங்கள் கணக்கு. அதைத் தாருங்கள்.

எங்கள் ஊர் கோட்டையூர். கணக்கு என்ற சொல்லுக்கு இந்தப் பக்கத்தில் என்ன எடை என்று வெளியூரில் இருக்கும் உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. என் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, பன்னிரண்டு வயதில் வட்டிக்கடையில் எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாகப் பர்மாவுக்குப் போய், கடையை நடத்துபவருக்கு அடுத்த இடமான அடுத்தாளாக உயர்ந்தவர். 1942-இல் ஜப்பான் படை ரங்கூனுக்குள் நுழைந்தபோது கடையையும் கொடுத்த கடனையும் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். ஒரே ஒரு பேரேட்டைத் துணியில் சுற்றி எடுத்துவந்தார். அது இன்றும் எங்கள் வளவு அறையின் மரப்பெட்டியில் இருக்கிறது. ஓரங்களைப் பூச்சி அரித்திருக்கிறது, மை மங்கவில்லை. கடைசிப் பக்கங்களில் உள்ள தொகையில் ஒரு ரூபாய்கூட வசூலாகவில்லை. ஆனால் யாருக்கு, எந்த நாளில், என்ன வட்டிக்கு, எதை நம்பிக் கொடுத்தார் என்பது வரிவரியாக இருக்கிறது. எங்கே ஏமாந்தோம் என்று அந்தப் பக்கங்களைப் புரட்டிக் காட்டித்தான் என் அப்பச்சிக்கு, அதாவது அப்பாவுக்கு, தொழில் சொல்லிக்கொடுத்தாராம்.

நான் பகலில் காரைக்குடியில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். 2019 முதல் உங்களிடம் ஆடினேன். தமிழ்நாட்டுச் சட்டம் தடுத்திருந்த காலத்தில், அதாவது 2020 நவம்பர் முதல் 2021 ஆகஸ்ட் வரையிலும், 2023 ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலும், ஆடவில்லை. எங்கள் பழைய வீட்டின் சுவர்க் கனத்தில் உள்ளே கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது. இரவு பத்து மணிக்கு மேல் முகப்பில், ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் பாயை விரித்து உட்காருவேன். தம்பி பக்கத்தில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருப்பான். அவன் கண்ணில் பட்டது என் விரல்தான். விரல் தொட்டது, பணம் வந்தது. அதற்கு முன்னால் தலைக்குள் என்ன நடந்தது என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

ஒரு கையைச் சொல்கிறேன். என் கையில் இரண்டு ராணி. எல்லோருக்கும் பொதுவாக மேசையில் விழுந்த முதல் மூன்று சீட்டும் ஒன்பது, ஏழு, இரண்டு. அதில் ஒன்பதும் இரண்டும் ஆர்ட்டின். நான் பணம் வைக்கிறேன், எதிரில் இருப்பவர் ஈடுகொடுத்துக் கூடவே வருகிறார். நான்காவது சீட்டு கிளாவர் நான்கு. மறுபடியும் வைக்கிறேன், மறுபடியும் வருகிறார். கடைசிச் சீட்டு ஆர்ட்டின் ஆறு. நடுவில் சேர்ந்திருப்பது 2,400 ரூபாய். அதுவரை தானாக ஒரு ரூபாய்கூட வைக்காதவர் இப்போது 1,200 வைக்கிறார். எனக்குப் பதினைந்து வினாடி இருக்கிறது. 1,200 கொடுத்து 3,600-ஐ எடுக்கப் பார்க்கிறேன் என்பதால், நான்கில் ஒரு முறை என் சீட்டு பெரியதாக இருந்தால் கொடுக்கலாம். இவர் கையில் ஆர்ட்டின் சீட்டு இரண்டை வைத்துக்கொண்டு, மேசையில் மூன்றாவது ஆர்ட்டின் விழுந்து ஐந்தும் ஒரே இனமாகச் சேரக் காத்திருந்தவரா? பத்தும் எட்டும் வைத்து வரிசை சேர்த்தவரா? ஒன்றும் சேராமல் மிரட்டிப் பார்க்கிறாரா? கடந்த ஒரு மணி நேரத்தில் மூன்று முறை சீட்டைத் திறந்து காட்டியிருக்கிறார், மூன்றிலும் நல்ல சீட்டு இருந்தது. இரண்டு ராணியையும் கவிழ்த்தேன்.

அவரிடம் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாத அந்த உறுத்தலை அடுத்த கைக்குக் கொண்டுபோகாமல் இருக்க வேண்டும். இந்த ஆட்டத்தில் நான் கற்க அதிக நாள் எடுத்துக்கொண்டது அதைத்தான். கணக்கு ஆறு மாதத்தில் வந்துவிட்டது. 52 சீட்டில் இரண்டைக் கையில் கொடுக்க 1,326 வழிகள் உண்டு, இரண்டு ஏஸ் வருவது 221 கைக்கு ஒரு முறை, அது வந்தும் எதிரியின் இரண்டு ராஜாவிடம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு முறை தோற்கும். இதையெல்லாம் மனப்பாடம் செய்துவிடலாம். அந்த ஐந்தில் ஒன்று நம் தலையில் விழும் இரவில் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு, வந்து படுத்துவிட முடிகிறதா என்பதுதான் கேள்வி. ஆட்டக்காரர்கள் அந்தத் தடுமாற்றத்தை டில்ட் என்பார்கள். விட்டதைப் பிடிக்கும் வெறி என்று நம் ஊரில் சொல்வோம். நூறு கை வந்தால் எண்பதைக் கவிழ்த்துவிட்டுக் கொட்டக் கொட்ட விழித்திருப்பதுதான் என் ஆட்டம். மேசைக்குக் கொண்டுவந்த பணம் மூன்று முறை போனால் அன்றைக்குக் கைப்பேசியை மூடிவிடுவேன். வீட்டில் சச்சரவு நடந்த நாளிலும் காய்ச்சல் கண்ட நாளிலும் உட்கார மாட்டேன். 2025-இன் தொடக்கத்தில், நள்ளிரவு 12 முதல் காலை 5 மணி வரை ஆடக்கூடாது என்று தமிழ்நாட்டில் விதி வந்தபோது முதலில் சலித்துக்கொண்டேன். பிறகு என் நோட்டைப் புரட்டினால், என்னுடைய பெரிய நஷ்டங்கள் பெரும்பாலும் 12 மணிக்கு மேல் நடந்தவை. அதை எனக்குச் சொன்னது கணக்குதான்.

ஆனால் என் நோட்டில் இருப்பது தேதியும் லாப நஷ்டமும் மட்டுமே. கைகளெல்லாம் உங்களிடம் இருக்கின்றன. உங்கள் செயலி கடைசியில் ஆடிய சில கைகளைத்தான் காட்டும், பதிவிறக்க விடாது. கேட்டால் கிடைக்கும் என்று நம்பி இருந்துவிட்டேன்.

இப்போது என் தம்பியின் கதைக்கு வருகிறேன். இந்த மடலை நான் எழுதுவது அவனுக்காகத்தான்.

அவன் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். 2024-இல், இருபத்திரண்டு வயதில், எனக்குத் தெரியாமல் உங்களிடம் கணக்குத் தொடங்கினான். பதினான்கு மாதத்தில் 1,86,000 ரூபாய் இழந்தான். ஆத்தாவின் இரண்டு வளையல்கள் இப்போது அடகில் இருக்கின்றன. வட்டிக்கடை நடத்திய குடும்பம் மாதாமாதம் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறது. ஆத்தா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகப்பில் நான் பாய் விரிக்கும் இடத்தைத் தாண்டும்போது மட்டும் ஒரு கணம் நின்றுவிட்டுப் போகிறார். நான் ஆடியதைப் பார்த்துத்தான் அவன் ஆடினான். அந்தப் பழியை நான் யார்மீதும் போடவில்லை.

"அண்ணே, உனக்கு ராசி இருந்தது, எனக்கு இல்லை. நேரம் திரும்பினால் எல்லாவற்றையும் எடுத்துவிடுவேன்" என்கிறான். உங்கள் மேசைகள் மூடப்பட்ட மறு மாதமே யாரோ காட்டிக்கொடுத்த வெளிநாட்டுச் செயலி ஒன்றில் ஆடத் தொடங்கிவிட்டான். சட்டம் ஆடுகிறவனைத் தண்டிப்பதில்லை, நடத்துகிறவனைத்தான் தண்டிக்கிறது. நடத்துகிறவன் எந்த நாட்டில் இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது. கெஞ்சிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். அவன் நம்புவது ராசியை. அதை உடைக்க என்னிடம் ஒரு வழிதான் இருக்கிறது. அவன் ஆடிய கைகளை அவன் முன்னால் விரித்து வைக்க வேண்டும்.

அதில் என்ன இருக்கும் என்று எனக்கு ஓரளவு தெரியும். அவன் ஆடும்போது ஒருநாள் பின்னால் நின்று பார்த்தேன். இரண்டு ஆர்ட்டின் கையில், இரண்டு மேசையில், ஒரு சீட்டுதான் பாக்கி. நடுவில் 1,000 ரூபாய் இருக்கிறது, எதிரி இன்னொரு 1,000 வைக்கிறார். பார்க்காத 46 சீட்டில் ஆர்ட்டின் ஒன்பது. ஏறக்குறைய ஐந்தில் ஒரு முறை வரும். 1,000 கொடுத்து 2,000-ஐ எடுக்க வேண்டுமானால் மூன்றில் ஒரு முறையாவது வர வேண்டும். என் தம்பி யோசிக்காமல் கொடுத்தான். ஐந்தில் ஒன்றாக வரும் சரக்குக்கு மூன்றில் ஒன்றாக வரும் சரக்கின் விலையைக் கொடுப்பவன் எந்தக் கடையை நடத்தினாலும் மூட வேண்டியதுதான். வந்த நாளில் அவன் அதை நினைவில் வைத்துக்கொள்கிறான். வராத நான்கு முறையையும் ராசியின் கணக்கில் எழுதுகிறான். இப்படி எத்தனை முறை கொடுத்தான், தோற்ற அடுத்த பத்து நிமிடத்தில் எத்தனை மடங்கு வைத்தான், விடிகாலையில் எத்தனை கையில் இறங்கினான் என்று எண்ணிக் காட்டினால் அவனுக்குப் புரியும். படித்த பிள்ளை, எண்ணைப் பார்த்தால் மறுக்க மாட்டான். அந்த எண்கள் உங்கள் கணினியில் இருக்கின்றன. அவற்றைத் தாருங்கள்.

போக்கர் திறமை விளையாட்டு என்று நீதிமன்றத்தில் வாதாடியது உங்களைப் போன்ற நிறுவனங்கள்தான். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், போக்கரையும் ரம்மியையும் அதிர்ஷ்ட விளையாட்டுப் பட்டியலில் சேர்த்தது செல்லாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பைப் பொங்கல் வாழ்த்துபோல் எங்கள் கைப்பேசிக்கு அனுப்பினீர்கள். திறமை என்பது எங்கே தெரியும்? ஒரு கையில் தெரியாது, ஓர் இரவிலும் தெரியாது. 2017 ஜனவரியில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய லிப்ராட்டஸ் என்ற கணினி நிரல் நான்கு தேர்ந்த ஆட்டக்காரர்களோடு மோதியது. யார் கெட்டிக்காரர் என்று சந்தேகமறச் சொல்ல 20 நாளும் 1,20,000 கையும் வேண்டியிருந்தன. ஒரே சீட்டுகளை ஓரிடத்தில் மனிதருக்கும் இன்னோரிடத்தில் கணினிக்கும் மாற்றிக் கொடுத்து அதிர்ஷ்டத்தைக் குறைத்தார்கள். இரவுதோறும் கணினி அன்றைய பதிவுகளைக் கொண்டு தன் ஓட்டைகளை அடைத்துக்கொண்டது. உலகத்தின் முதல்தர ஆட்டக்காரர்களுக்கே பதிவு இல்லாமல் தங்கள் பிழை தெரியாது. கோட்டையூர்ப் பையனுக்கு எப்படித் தெரியும்? பதிவை உங்களிடமே வைத்துக்கொண்டு திறமை என்ற சொல்லை மட்டும் எங்களிடம் விற்றிருக்கிறீர்கள்.

விளம்பரங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "திறமை இருக்கிறதா, வா" என்று திரையில் சிரித்த முகங்களில் ஒருவராவது, நூறில் எண்பது கையைக் கவிழ்க்க வேண்டும் என்று சொன்னதுண்டா? ஒவ்வொரு கையிலும் நடுவில் சேரும் பணத்திலிருந்து நிறுவனத்துக்கு ஒரு பங்கு போகிறது, அதனால் சமமாக ஆடுகிற இருவருமே காலப்போக்கில் நஷ்டப்படுவார்கள் என்று சொன்னதுண்டா? அடிமையாகிவிடும் அபாயம் உண்டு என்ற எச்சரிக்கையை மூச்சுவிடாமல் ஓட்டிப் படித்து முடித்தார்கள். தீபாவளிக்குப் பணம் போடச் சொல்லி வந்த செய்தி அழகான தமிழில் இருந்தது. நான் கணக்குக் கேட்டபோது வந்த பதில் ஆங்கிலத்தில் இருந்தது, மேலே நான் எழுதியிருப்பது என் மொழிபெயர்ப்பு. தோற்றுப்போன பிள்ளைகளைத் தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகள் பறிகொடுத்தன. அந்த வீடுகளில் யாருக்காவது, அந்தப் பிள்ளை கடைசி இரவில் எப்படி ஆடினான் என்ற பதிவைக் காட்டியிருக்கிறீர்களா? நடுவில் ஒருமுறை நிறுத்தி, "தம்பி, எழுந்து போய்ப் படு" என்று உங்கள் கணினி சொல்லியிருக்க முடியாதா? யார் தடுமாறுகிறார்கள் என்பது யாரையும்விட உங்களுக்குத்தானே முதலில் தெரிந்தது?

கோபத்தில் எல்லை தாண்டிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததற்குத் திரும்புகிறேன்.

தடைச் சட்டத்தை எதிர்த்து நான் எழுதவில்லை. மேசைகளைத் திறக்கச் சொல்லவில்லை. இழப்பீடு வேண்டாம். என் பெயரிலும் தம்பி பெயரிலும் உள்ள இரண்டு கணக்குகளின் முழு ஆட்டப் பதிவு மட்டும் வேண்டும். எதிரில் ஆடியவர்களின் பெயர்களை மறைத்துவிடலாம், எனக்கு அவை தேவையில்லை. கோப்பாகத் தர முடியாவிட்டால் அச்சிட்டுத் தபாலில் அனுப்புங்கள், செலவை நான் கட்டுகிறேன். எவ்வளவு தாள் வந்தாலும் சரி, வீட்டில் மரப்பெட்டியில் இடம் இருக்கிறது. என் கணக்கை அடுத்த மாதம் தந்தாலும் காத்திருக்கிறேன். தம்பியுடையதை மட்டும் முதலில் கொடுங்கள். பதிவுகளை என்னிடம் கொடுக்கச் சம்மதம் என்று அவன் கையெழுத்திட்ட கடிதத்தைச் சென்ற மாதமே உங்களுக்கு அனுப்பிவிட்டேன். "வந்தால் பார்ப்போம் அண்ணே" என்று சொல்லித்தான் கையெழுத்துப் போட்டான். அவன் அவ்வளவு இறங்கி வந்ததே பெரிது.

பொங்கலுக்கு நான்கு நாள் விடுமுறையில் ஊருக்கு வருகிறான். அதற்குள் அனுப்பிவைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கோட்டையூரிலிருந்து,
2019 முதல் உங்களிடம் ஆடிய ஒருவன்