அண்ணனோடு நீதான் பேச வேண்டும்

களுவாஞ்சிகுடி

அன்பின் தவம்,

உன் கடிதமும் அதற்குள் மடித்து வைத்த பத்திரிகைத் துண்டும் கிடைத்தன. இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது, பகலில் வெளியே தலைகாட்ட முடியவில்லை. பென்சன் எடுத்தும் ஊர் என்னை விடுவதாயில்லை. போன மாதம் கோயில் மண்டபத்தில் பெடியன்களைக் கூட்டி, நின்ற இதயத்துக்கு நெஞ்சை எப்படி அழுத்துவது என்று காட்டினேன். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்ரிமீற்றராவது பதிய வேண்டும். தலையணையில் பழகச் சொன்னால் ஒரே சிரிப்பு. 1960இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் மூன்று பேர் இதை எழுதியபோதே இரண்டு கை இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். நம் ஆட்களோ முகத்தில் தண்ணீர் தெளித்து, ஓட்டோவில் ஏற்றி, பாதி வழியில்தான் அம்புலன்ஸ் கேட்டு 1990 இலக்கத்துக்கு அடிப்பார்கள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். தலசீமியாவுக்கு, இரத்தத்தில் ஈமோகுளோபின் சரியாக உருவாகாத அந்த வருத்தத்துக்கு, மருந்து வந்துவிட்டதாம், இனிப் பயம் இல்லையே என்று எழுதியிருக்கிறாய். செய்தி உண்மைதான். 2023 நவம்பரில் உங்கள் பிரித்தானியாதான் உலகில் முதலில் அனுமதி கொடுத்தது. பிள்ளையின் எலும்பு மச்சையில் இருந்து வரும் மூல உயிரணுக்களை எடுத்து, மரபணுவில் ஓர் இடத்தை வெட்டிவிடுகிறார்கள். வயிற்றில் இருக்கும்போது குழந்தைக்கு ஓடுகிற ஈமோகுளோபின் ஒன்று உண்டு, பிறந்த பிறகு அது அடங்கிவிடும். அதை அடக்கி வைக்கும் பூட்டைத்தான் உடைக்கிறார்கள். கெட்டித்தனம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அணுக்களைத் திரும்ப ஏற்றுமுன் உள்ளே இருக்கும் மச்சையைக் காலி பண்ண வேண்டும். அதற்குக் கொடுப்பது புசல்பான், ஒரு காலத்தில் ஒருவகை லியூக்கீமியாவுக்குக் கொடுத்த அதே மருந்து. அமெரிக்காவில் விலை 22 இலட்சம் டொலர். இலங்கைக் காசில் கணக்குப் பார்த்துவிட்டு பேனையைக் கீழே வைத்துவிட்டேன்.

லியூக்கீமியாவும் இதுவும் ஒன்றா என்றும் கேட்டாய். இல்லை. அது புற்றுநோய், வெள்ளை அணு கட்டில்லாமல் பெருகுவது. இது தாய் தகப்பனிடமிருந்து வருவது. லியூக்கீமியாவில் உன் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வந்த வகை என்றால், நல்ல சிகிச்சை கிடைக்கும் நாடுகளில் பத்தில் ஒன்பது பிள்ளைகள் தப்புகிறார்கள். பொஸ்டனில் சிட்னி ஃபார்பர் 1948இல் பதினாறு பிள்ளைகளுக்கு அமினோப்ரெரின் கொடுத்ததை எழுதியபோது, பத்துப் பேருக்குச் சுகம் தெரிந்தது, அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான். அந்த மருந்தைச் செய்த குழுவின் தலைவர் சுப்பராவ் படித்தது சென்னை மருத்துவக் கல்லூரியில். கதர் உடுத்தியதற்காக முழுப் பட்டம் கொடுக்காமல் விட்டார்களாம். எனக்கு இன்றும் ஆத்திரம் வரும்.

மறுகா, உன் வீட்டு விஷயம். உன் தங்கச்சி போன கிழமை, கலியாணம் பேசியிருக்கிற மகளின் இரத்த றிப்போட்டோடு வந்தாள். ஈமோகுளோபின் 10.6, அது பெரிதில்லை. ஆனால் சிவப்பு அணுவின் பருமனைக் காட்டும் எம்.சி.வி. 67. அணுக்கள் அவ்வளவு சின்னன். இரும்புக் குளிசை மாதக்கணக்கில் குடித்தும் அசையவில்லை, பெரிட்டின் பார்த்தால் இரும்பு போதிய அளவு இருக்கிறது. பிள்ளை தலசீமியாக் காவி, அதாவது அந்த மரபணுவைக் காவுகிறவள் என்றுதான் நினைக்கிறேன், உறுதிப்படுத்தும் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம். காவி என்றால் நோயாளி இல்லை, தவம். அவள் நன்றாக இருப்பாள், வேலைக்குப் போவாள், பிள்ளை பெறுவாள். மாப்பிள்ளையும் காவியாக இருந்தால்தான் வில்லங்கம். அப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு, பெரிய வருத்தத்தோடு பிறக்க. மூன்று நாலு கிழமைக்கு ஒருக்கா இரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றுகிற ஒவ்வொரு பையிலும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருக்கிறது. அதை வெளியேற்ற உடம்புக்கு வழி தெரியாது, ஈரலிலும் இதயத்திலும் போய்ப் படியும். வாட்டில் இருந்த காலத்தில், அந்த இரும்பை வெளியேற்றும் மருந்துக்காக இரவு முழுக்க வயிற்றுத் தோலில் ஊசியும் பம்பும் மாட்டிக்கொண்டு தூங்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இப்போது குளிசை இருக்கிறது, ஆனாலும் வாழ்நாள் முழுக்க.

பேசி வைத்த மாப்பிள்ளை உன் அண்ணன் மகன். தாய்வழிக் குலமான குடி வேறு, குறிப்பும் பொருந்தியதாம். குடி தாய் வழியில் மட்டும் போகும், இந்த மரபணுவோ தாய் தகப்பன் யாரிடமிருந்தும் வரலாம். உங்கள் அப்பாவோ அம்மாவோ காவியாக இருந்து, அது தங்கச்சி வழியாக இவளுக்கு வந்திருந்தால், அண்ணனின் மகனுக்கும் அது வந்திருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. வெளியில் ஒரு பெடியனை எடுத்தால் அவ்வளவு இருக்காது. மலேரியா உள்ள இடங்களில் காவிகளுக்கு அது ஒரு பாதுகாப்பாக இருந்ததால்தான் இந்த மரபணு நிலைத்தது. 2016இல் இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார அமைப்பே சான்று கொடுத்துவிட்டது, மரபணு மட்டும் போகவில்லை.

சைப்பிரஸில் கலியாணத்துக்கு முன்னால் இந்தப் பரிசோதனைச் சான்றிதழைத் திருச்சபையே கேட்கும். கட்டுவதா இல்லையா என்பது சோடியின் விருப்பம், ஆனால் தெரிந்துகொண்டு முடிவெடுக்கிறார்கள். அங்கே இந்த வருத்தத்தோடு பிள்ளை பிறப்பதே அரிதாகிவிட்டது. கருவிலேயே பார்த்துக் கலைக்கவும் அங்கே வழி உண்டு. இங்கே தாயின் உயிருக்கு ஆபத்து என்றாலொழியச் சட்டம் விடாது. ஆகவே எங்களுக்குக் கலியாணத்துக்கு முந்தின நேரம்தான் இருக்கிறது.

அண்ணனிடம் சொன்னேன். “எங்கட பரம்பரையில் அப்படி ஒரு வருத்தமும் இல்லை” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். காவிக்கு வருத்தம் தெரியாது என்று விளங்கப்படுத்துவதற்குள் சைக்கிளை எடுத்துவிட்டார். உன் சொல்லைத்தான் அவர் கேட்பார். பெடியனுக்கு ஒரு முழு இரத்தப் பரிசோதனை, வேண்டுமானால் ஈமோகுளோபின் பிரித்துப் பார்ப்பது, அவ்வளவுதான். பெண்ணில் குறை சொல்கிறோம் என்று எடுக்க விடாதே. அவள் அழுதுகொண்டு இருக்கிறாள், தன்னைத் தள்ளி வைக்கப் போகிறார்கள் என்று.

உன் மகள் மாசமாக இருந்தபோது அங்கே இதைப் பரிசோதித்துப் பார்த்திருப்பார்கள், அந்தத் தாளைத் தேடி எடு. நீயும் உன் குடும்ப வைத்தியர் ஜி.பி.யிடம் இந்தப் பரிசோதனையை ஒருக்கா கேள், உன் முடிவு வந்தால் அண்ணனோடு பேச இன்னும் இலேசாக இருக்கும். ஆவணியில் நாள் வைக்கப் பேசுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில்தான் இருப்பார், மத்தியானம் சாப்பிட்ட பிறகு போன் எடு.

அன்புடன்,
புவனா