எரியும் கப்பலில் ஆட்கள் இருந்தார்கள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். அம்மாவுக்கு முட்டுவலி பரவாயில்லை, மாடிப்படி மட்டும் இன்னும் ஏறக்கூடாது. உனக்கென்று மக்ரூனும் பருப்புப்பொடியும் கட்டி வைத்திருக்கிறாள். அந்தப் பக்கம் வருகிற ஆள் கிடைத்ததும் கொடுத்துவிடுகிறோம்.

ஜெர்மனியில் லபோ கடற்கரையில் எடுத்து அனுப்பிய போட்டோக்களை நாலைந்து தடவை பார்த்துவிட்டேன். மணலில் ஏற்றி நிறுத்தியிருக்கிற அந்தப் பழைய ஜெர்மன் நீர்மூழ்கி யூ-995 பக்கத்தில் நீ பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிற்கிறாய். அன்றைக்கு ராத்திரியே, ரெண்டாம் உலகப் போரில் அந்த மாதிரி நீர்மூழ்கியில் போன ஜெர்மன்காரர்களைப் பற்றிய 'தாஸ் போட்' படத்தையும் பார்த்துவிட்டுப் போன் செய்தாயே, "ஹிட்லரோட ஆளுங்க செத்ததுக்கு நான் எதுக்குப்பா அழணும்? அழ வெச்சுட்டாங்களேன்னு கோவமா வருது" என்று. அப்போது எனக்குப் பதில் வாயில் வரவில்லை. ரெண்டு நாளாக அதே நினைப்புதான். இருபத்திரண்டு வருஷம் கப்பலில் ஃபிட்டராக இருந்தேன், அதில் பாதிக்கு மேல் ஆயில் டேங்கரில். அந்த நீர்மூழ்கி தேடிப்போய் அடிக்கிறதே, அந்த மாதிரிக் கப்பலில் இருந்தவன் நான். அதனால் இந்தக் கேள்வி உன்னைவிட எனக்குக் கொஞ்சம் நெருக்கம்.

படத்தை நான் முதலில் பார்த்தது நடுக்கடலில். கப்பலில் ஒரு வீடியோ கேசட் கிடந்தது, இங்கிலீஷ் டப்பிங், ரெண்டரை மணி நேரப் படம். மெஸ் ரூமில் ஒன்பது பேர் உட்கார்ந்து பார்த்தோம். முடிந்ததும் யாரும் பேசவில்லை. அவரவர் கேபினுக்குப் போய்விட்டோம். மறுநாள் காலையில் இன்ஜின் ரூமுக்குள் இறங்கும்போது, அத்தனை வருஷமும் கவனிக்காத ஒன்றைக் கவனித்தேன். கீழ்த்தட்டில் நின்றால் கடல் என் தலைக்கு மேலே இருக்கிறது. பக்கவாட்டு இரும்புத் தகட்டில் கை வைத்தால் குளிர்ச்சி. அந்தப் பக்கம் தண்ணீர்தான். அன்று முழுக்கக் கை அந்தத் தகட்டுக்கே போனது. ஒரு சினிமா என்னை அப்படிச் செய்யவைத்தது அந்த ஒரு தடவைதான்.

எப்படிச் செய்தார்கள் என்று பிறகு தேடித்தேடிப் படித்தேன். 1981-இல் வந்த படம், வொல்ஃப்காங் பீட்டர்சன் டைரக்ஷன். மியூனிக்கில் பவேரியா ஸ்டுடியோவில் நீர்மூழ்கியின் உள்பக்கத்தை அசல் அளவில் கட்டினார்கள். நீ உள்ளே நடந்து பார்த்தாயே, அதே ஜாதிக் கப்பல்தான், ஏழு-சி வகை. 67 மீட்டர் நீளம், உள்ளே அகலம் 5 மீட்டர்கூடக் கிடையாது, அதில் ஏறக்குறைய 50 பேர். கழிப்பறை ரெண்டு, ஒன்றில் சாப்பாட்டுச் சாமான். கேமரா வைக்க வசதியாகச் சுவரைக் கழற்றிக்கொண்டு படம் எடுத்திருக்கலாம். கேமராமேன் ஜோஸ்ட் வகானோ அப்படிச் செய்யவில்லை. ஆடாமல் இருக்க ஜைரோ பொருத்திய சின்னக் கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு, தலைக்கு ஹெல்மெட்டும் உடம்புக்குத் திண்டும் கட்டி, அந்த வட்டக் கதவுகளுக்குள்ளே நடிகர்கள் பின்னாலேயே ஓடினார். முங்குவதற்கு உத்தரவு வந்ததும், முன்பக்கம் கனம் சேர்க்க ஆட்கள் எல்லாரும் முன்னால் விழுந்தடித்து ஓடுவார்களே, அதில் நீயும் சேர்ந்து ஓடுகிற மாதிரி மூச்சு வாங்குவது இதனால்தான். நடிகர்களை வெயிலில் விடாமல் வெளுக்கவைத்தார்கள். கதை போகிற வரிசையிலேயே பெரும்பாலும் எடுத்ததால் தாடி நிஜமாகவே வளர்ந்தது.

ஆனால் எனக்குப் படம் கண்ணில் பதிந்ததைவிடக் காதில் பதிந்ததுதான் அதிகம். இன்ஜின் ரூமில் வேலை பார்த்தவன் காதாலேயே வாழ்கிறவன். சத்தம் மாறினால் தூக்கத்திலேயே முழிப்பு வந்துவிடும். இந்த வகைக் கப்பல், பெயர்தான் நீர்மூழ்கி, பெரும்பாலும் ஓடுவது தண்ணீருக்கு மேலேதான். மேலே டீசல் இன்ஜின், கீழே பேட்டரியில் ஓடும் மோட்டார். டீசல் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் பேச்சு கேட்காது. முங்கியதும் அது நிற்கும். அந்த நிமிஷம் படத்தில் வரும் அமைதி இருக்கிறதே, எந்த வெடிச் சத்தத்தையும்விட எனக்கு அதுதான் வயிற்றைக் கலக்கியது. இன்ஜின் நின்ற கப்பல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு எல்லாம் குசுகுசுப்பு. மேலே எதிரியின் போர்க்கப்பல், டெஸ்ட்ராயர், அதன் புரொப்பெல்லர் சத்தம் நெருங்குகிறது. நீர்மூழ்கி எங்கே என்று ஒலி அனுப்பித் தேடும் 'ஆஸ்டிக்' கருவியின் சத்தம், கூழாங்கல்லைத் தகரத்தில் எறிகிற மாதிரி, கப்பல் உடம்பில் வந்து வந்து விழுகிறது. அத்தனை பேரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். மேலே இருப்பது இரும்புக் கூரை, பார்க்க ஒன்றுமில்லை. எதிரியின் முகத்தை ஒரு தடவைகூடக் காட்டாமல் அவ்வளவு பயத்தை உண்டாக்கிவிட்டார்கள்.

இந்தத் தடவை நீ சொன்னதற்காக 1997-இல் வந்த நீளமான படத்தைப் பார்த்தேன், மூன்றரை மணி நேரம். டிவி தொடராக வந்தது அதைவிட நீளம். முதல் பாதி இழுக்கிறது என்று நீ சொன்னாய். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கடலில் பாதி வாழ்க்கை காத்திருப்புதான். பூஞ்சை பிடித்த ரொட்டி, புயல், அதே முகங்கள், கேட்டுக் கேட்டுப் புளித்த அதே பேச்சு. அந்தச் சலிப்பு நமக்குள் ஏறினால்தான், ஒரு கான்வாய், அதாவது காவலோடு கூட்டமாகப் போகிற எதிரிச் சரக்குக் கப்பல்கள், கண்ணில் பட்டதும் அந்தப் பையன்கள் முகம் மலர்வது புரியும். நம் முகமும் மலர்ந்துவிடும். அங்கேதான் படம் நம்மைப் பிடிக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

யோஹான் என்கிற மெக்கானிக்கை உனக்கு ஞாபகம் இருக்கும், இன்ஜினையே கட்டிக்கொண்டு கிடக்கிற அந்த ஒல்லி ஆள். குண்டுகள் விழும்போது மூளை கலங்கி, தன் இடத்தை விட்டு ஓடிவருகிறான். கேப்டன் துப்பாக்கி எடுக்கப் போகிறார். பிறகு குளித்துத் துடைத்த முகத்தோடு வந்து, எனக்குக் கோர்ட் மார்ஷலா என்று கேட்கிறான். இல்லை, போய்த் தூங்கு என்கிறார் கேப்டன். அந்த இடத்தில் நான் அழுதேன், ரெண்டு தடவையும். உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்று. நான் கப்பலில் சேர்ந்த ரெண்டாம் வருஷம், இன்ஜின் ரூமில் கடல்தண்ணீர் பைப் ஒன்று வெடித்துவிட்டது. வால்வை மூடவேண்டியவன் நான். தண்ணீர் முகத்தில் அறைந்ததும் கையும் காலும் ஓடாமல் நின்றுவிட்டேன். வேறொரு ஆள் என்னைத் தள்ளிவிட்டு மூடினார். சீஃப் இன்ஜினியர் என்னைக் கூப்பிட்டுத் திட்டப்போகிறார், ஊருக்கு அனுப்பப்போகிறார் என்று நடுங்கிக்கொண்டு இருந்தேன். அவர் டீ கொடுக்கச் சொன்னார், நாளைக்கு அந்த வால்வை நீயே பிரித்துச் சரிபண்ணு என்றார், அவ்வளவுதான். ஜிப்ரால்டரில் கப்பல் 280 மீட்டர் ஆழத்தில் தரைதட்டிக் கிடக்கும்போது, அதே யோஹான் தண்ணீருக்குள் கிடந்து ஓட்டையை அடைக்கிறானே, அதை நான் சினிமாவாகப் பார்க்கவில்லை. அந்த நேரம் முழுக்கச் சீஃப் இன்ஜினியர்தான் கதாநாயகன். உடைந்த பேட்டரி செல்களுக்குக் கம்பி இழுத்து இணைப்புக் கொடுப்பதும், உள்ளே புகுந்த தண்ணீரை வெளியே தள்ளக் கணக்குப் போடுவதும், காற்றுத் தீர்வதற்குள் கப்பலை எழுப்புவதும். கேப்டனாக வரும் யுர்கன் ப்ரொக்னோவின் கண்களைத்தான் எல்லாரும் புகழ்கிறார்கள். க்ளாஸ் வென்னெமான் நடித்த அந்தச் சீஃபை யாரும் போதுமான அளவு சொல்லவில்லை.

ஸ்பெயின் துறைமுகம் வீகோவில் விருந்து வருகிற இடமும் எனக்குப் பிடிக்கும். அழுக்கும் தாடியுமாக ஏறிவருகிற கூட்டத்தில், சுத்தமாக உடை உடுத்திய முதல் அதிகாரியைப் பார்த்து, இவர்தான் கேப்டன் என்று கையை நீட்டுகிறார்களே. கரையில் இருப்பவர்களின் கண் அப்படித்தான்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன்.

கான்வாயைத் தாக்கிவிட்டு, மணிக்கணக்கில் குண்டு வாங்கி, தப்பி மேலே வருகிறார்கள். அடிபட்ட டேங்கர் இன்னும் எரிந்துகொண்டு மிதக்கிறது. மூழ்கடித்துவிட இன்னொரு டார்ப்பிடோ விடுகிறார் கேப்டன். அது வெடித்த பிறகுதான் தெரிகிறது, கப்பலில் ஆட்கள் இருக்கிறார்கள். உடம்பில் தீயோடு டெக்கில் ஓடுகிறார்கள், குதிக்கிறார்கள், நம்மை நோக்கி நீந்தி வருகிறார்கள். இத்தனை நேரமாக ஏன் இவர்களை யாரும் காப்பாற்றவில்லை என்று கேப்டன் கத்துகிறார். பிறகு பின்னால் போக உத்தரவிடுகிறார். கப்பல் மெதுவாகப் பின்வாங்குகிறது. அவர்கள் நீந்திக்கொண்டே இருக்கிறார்கள்.

பாப்பா, அந்தத் தண்ணீரில் இருப்பவன் நான். மெஸ் ரூமில் அன்றைக்கு உட்கார்ந்திருந்த ஒன்பது பேரும் அவன்தான். டார்ப்பிடோ விழுந்தால் முதலில் போவது இன்ஜின் ரூம். அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் ஏறக்குறைய நாலில் ஒரு ஆள் ஆசியாக்காரன், அதில் பெரும்பாலோர் 'லஸ்கர்' என்று அழைக்கப்பட்ட நம் நாட்டு மாலுமிகள். சில்ஹெட், சிட்டகாங், கோவா, பஞ்சாப் பக்கத்திலிருந்து போனவர்கள். கொதிகலனுக்குக் கரி அள்ளிப்போட்டவர்களில் அவர்கள் நிறைய. ஹிட்லர் யார், சர்ச்சில் யார் என்பதற்காக அவர்கள் கப்பல் ஏறவில்லை. வீட்டுக்குப் பணம் அனுப்ப ஏறினார்கள், நான் ஏறிய மாதிரி.

இவ்வளவு தெரிந்த நானே, அந்தக் காட்சிக்கு அரைமணி நேரம் முன்னால், டார்ப்பிடோ சரியாகப் போய் விழவேண்டுமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். வெடித்த சத்தம் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் ஆட்களைக் கொல்கிறவனின் பக்கம் நின்று, அவனோடு பயந்து, அவனோடு சந்தோஷப்பட்டு, அதற்குப் பிறகு அந்தத் தீயைப் பார்த்தேன். உனக்கு வந்த கோபம் எனக்கும் வந்தது. அந்தக் கோபத்தைத் தூண்டாமல் விட்டிருந்தால் அது வெறும் சாகசப் படமாகப் போயிருக்கும். முதலிலிருந்தே அவர்களை அரக்கர்களாகக் காட்டியிருந்தாலும், நான் அந்தப் பக்கம் நின்றிருக்கவே மாட்டேன். நானும் அப்படி நிற்கக்கூடியவன் என்பது எனக்குத் தெரிந்தே இருக்காது. நீ அழுதது ஹிட்லருக்காக இல்லை கண்ணு. இருபது வயதுப் பையன்களை அந்த இரும்புக் குழாய்க்குள் மூன்றரை மணி நேரம் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டாய், அதற்காக அழுதாய். அந்தப் பையன்கள் செய்ததையும் பார்த்தாய் அல்லவா, ரெண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்.

பீட்டர்சன் ஒன்று சொல்லியிருக்கிறார். 40,000 பேர் போனார்கள், 30,000 பேர் திரும்பவில்லை என்று படத்தின் தொடக்கத்தில் எழுத்து வரும். லாஸ் ஏஞ்சல்ஸில் திரையிட்டபோது அதைப் படித்துவிட்டுக் கூட்டம் கைதட்டியதாம். படம் முடிந்தபோது அதே கூட்டம் எழுந்து நின்று கைதட்டியதாம். நடுவில் அவர்களுக்கு என்ன நடந்ததோ, அதேதான் எனக்கும் நடந்தது.

குறை இல்லை என்று சொல்லமாட்டேன். நாஜிக் கொள்கையை நம்புகிறவனாக அந்த முதல் அதிகாரி ஒருவனை மட்டும் வைத்துவிட்டு, மற்றவர்களைச் சுலபமாக விட்டுவிட்டார்கள். கேப்டன் மேலிடத்தைக் கிண்டல் செய்கிறார், மற்றவர்கள் சிரிக்கிறார்கள். நிஜக் கப்பலில் நம்பியவர்கள் இன்னும் அதிகம் இருந்திருப்பார்கள். உன் கோபத்தில் இந்தப் பங்கு நியாயம்தான். மூல நாவலை எழுதிய புக்ஹைம் 1941-இல் நிஜமாகவே, படத்தில் வருகிற அதே யூ-96 நீர்மூழ்கியில் போனவர். நடிகர்கள் மிகைப்படுத்திக் கூச்சல் போடுகிறார்கள் என்று அவருக்குப் படத்தின்மேல் வருத்தம். கடைசியில் பிரான்ஸில் லா ரோஷெல் துறைமுகத்தில் விமானம் குண்டு போடுகிறதே, அது கதைக்காக வைத்தது. நிஜ யூ-96 போரின் கடைசி வருஷம்வரை இருந்தது. அதன் கேப்டன் உயிரோடு திரும்பி, இந்தப் படத்துக்கே ஆலோசகராக இருந்தார். ஆனாலும் அந்த முடிவு எனக்குச் சம்மதம். கடலில் அத்தனையும் பிழைத்து வந்தவர்கள், கரையில் பேண்டு வாத்தியத்துக்கு நடுவே சாகிறார்கள்.

கீல் பக்கத்தில் மொல்டனோர்ட் என்ற இடத்தில் நீர்மூழ்கிகளில் இறந்தவர்களுக்கு நினைவிடம் இருக்கிறது. 30,000-க்கும் மேற்பட்ட பெயர்களை வெண்கலத் தகடுகளில் பொறித்திருக்கிறார்களாம். லபோவுக்குப் போகிற வழிதான், ஒருநாள் போய்ப் பார். மும்பையில் கப்பலுக்குக் காத்திருந்த நாட்களில் நான் மாலுமிகள் இல்லத்துக்குப் போயிருக்கிறேன். முதல் உலகப் போரில் இறந்த நம் மாலுமிகள் 2,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர் அங்கே வெண்கலத்தில் இருக்கிறது. ரெண்டாம் போரில் போனவர்கள் அதைவிடப் பல ஆயிரம் அதிகம். அவர்கள் பெயர் தகட்டில் இல்லை, ஒரு ஏட்டில் இருக்கிறது. அடுத்த லீவுக்கு நீ மும்பை வழியாக வந்தால் நானும் அங்கே வந்துவிடுகிறேன், சேர்ந்து போய்ப் பார்ப்போம்.

மறுபடி லபோவுக்குப் போனால் எனக்கு ஒரு காரியம் செய். இன்ஜின் அறையில் ரெண்டு டீசல் இன்ஜின், ஒவ்வொன்றும் ஆறு சிலிண்டர், நடுவே ஒரு நடைபாதை. நீ அனுப்பிய போட்டோவில் அது சரியாகத் தெரியவில்லை. அங்கே நின்று, உன் கையால் அந்த இடைவெளி எத்தனை சாண் என்று அளந்து எழுது. யோஹான் எவ்வளவு இடத்தில் நின்றான் என்று எனக்குத் தெரியவேண்டும்.

குளிருக்குக் காதை மூடிக்கொள். ஞாயிற்றுக்கிழமை போன் செய், அம்மா காத்துக்கொண்டு இருப்பாள்.

அன்புடன்,
அப்பா