92 மில்லியன் என்றால் எத்தனை சதவீதம்?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வில்லியம் நைலாண்டருக்கு 8 வருடத்துக்கு 92 மில்லியன் டொலர் கொடுத்தது ரொறன்ரோவின் மேப்பிள் லீஃப்ஸ் ஐஸ் ஹொக்கி அணியின் பெரும் தவறு என்று சென்ற இதழின் விளையாட்டுப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். ஸ்காபரோவுக்கு வந்த நாள் முதல் இந்த அணியின் ஆட்டங்களோடுதான் என் குளிர்காலங்கள் போயிருக்கின்றன. கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். மொத்தத் தொகை இருந்தது, வருடக் கணக்கு இருந்தது, நைலாண்டரின் வயது இருந்தது. சம்பள உச்சவரம்பு, அதாவது ஓர் அணி ஒரு பருவத்தில் வீரர் சம்பளத்துக்குக் கணக்குக் காட்டக்கூடிய எல்லை, எவ்வளவு என்பது மட்டும் ஓரிடத்திலும் இல்லை. அது இல்லாமல் 92 மில்லியன் கூடுதலா குறைவா என்று யாராலும் சொல்ல முடியாது.

நான் சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதுபவன். பத்து வருடத்துக்கு ஒரே வாடகையென்று கையெழுத்து வைத்துவிட்டு, முதல் வருடம் முழுக்க நித்திரையில்லாமல் திரிந்த கடைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். ஏழாம் வருடத்தில் அவர்களே அந்த வாடகையைப் பற்றிப் பேசுவதில்லை, ஏனென்றால் வியாபாரம் வளர்ந்திருக்கும். வியாபாரம் படுத்த கடைக்கோ அதே வாடகை கழுத்தில் கட்டிய கல். வாடகையை விற்பனையின் பங்காகத்தான் நாங்கள் பார்ப்போம். வட அமெரிக்க ஹொக்கி லீக்கான என்.எச்.எல்.லின் ஒப்பந்தத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

2004-05 பருவம் முழுவதும் ரத்தான பிறகு வந்தது இந்த உச்சவரம்பு. 2005-06இல் ஓர் அணி 39 மில்லியன் டொலருக்கு மேல் சம்பளக் கணக்குக் காட்ட முடியாது. 2025-26இல் அது 95.5 மில்லியன். அணி எவ்வளவு பணக்கார அணியாக இருந்தாலும் எல்லாருக்கும் எல்லை ஒன்றுதான். ஒரு வீரரின் ஆண்டுச் சராசரித் தொகை அந்த எல்லைக்குள் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்பதே அவருடைய உண்மையான விலை.

சிட்னி குரொஸ்பியை எடுத்துக்கொள்ளுங்கள். 2012இல் பிற்ஸ்பேர்க் அணியோடு 12 வருடம், 104.4 மில்லியன், வருடத்துக்கு 8.7 என்று ஒப்பந்தமானார். அது தொடங்கிய 2013-14இல் உச்சவரம்பு 64.3 மில்லியன், அவர் பங்கு பதின்மூன்றரை சதவீதம். கடைசி வருடமான 2024-25இல் உச்சவரம்பு 88 மில்லியன். அதே 8.7 பத்து சதவீதத்துக்கும் கீழே வந்துவிட்டது. அந்தப் பருவத்தில் 37 வயதில் அவர் எடுத்தது, கோலும் கோலுக்குக் கொடுத்த உதவியும் சேர்த்து, 91 புள்ளிகள். நடுவில் 2016, 2017 இரண்டு வருடமும் லீக்கின் ஸ்டான்லி கிண்ணம்.

இப்போது நைலாண்டர். வருடத்துக்கு 11.5 மில்லியன். முதல் வருடம் 13 சதவீதம், இரண்டாம் வருடம் 12. லீக்கும் வீரர் சங்கமும் 2025 ஜனவரியில் அறிவித்த தொகைகளின்படி 2026-27இல் உச்சவரம்பு 104 மில்லியன், அதற்கடுத்த வருடம் 113.5. அப்படியென்றால் நான்காம் வருடத்திலேயே அவர் பங்கு பத்து சதவீதத்தை ஒட்டி வந்துவிடும். ஒப்பந்தம் முடியும்போது அவருக்கு 36 வயது. கடைசி இரண்டு மூன்று வருடம் கால் தளரும் என்று நானும் பயப்படுகிறேன். ஆனால் அந்தத் தளர்ச்சிக்கு அணி கொடுக்கும் விலை, இன்றைய 11.5 மில்லியனை வைத்து உங்கள் கட்டுரை காட்டிய விலை அல்ல.

எல்லாம் ஏறிக்கொண்டே போகும் என்று நம்பிக் கெட்டதும் இதே ஊரில்தான் நடந்தது. ஜோன் ரவாரெஸ் 2018 ஜூலையில் 7 வருடம், 77 மில்லியனுக்கு வந்தார். அடுத்த வருடம், அணியிலேயே இருந்த ஒஸ்ரன் மத்தியூஸ், மிச் மார்னர் இருவருக்கும் பெரிய ஒப்பந்தங்கள். பிறகு கோவிட். 2019-20இல் 81.5 மில்லியனாக இருந்த உச்சவரம்பு 2023-24இல் 83.5தான். சுருங்க வேண்டிய பங்குகள் சுருங்கவில்லை, மூன்றாம் நான்காம் வரிசைக்கு ஆள் பிடிக்கக் காசில்லாமல் போனது. அந்த வருடங்களில் ரவாரெஸை எங்கள் ஆட்கள் கதைத்த கதை எனக்கு இன்னும் வலிக்கிறது. முதல் பருவத்தில் 47 கோல் அடித்தவர், கடைசிப் பருவத்தில் 34 வயதில் 38 கோல் அடித்தவர். பெருந்தொற்றுக்கு அந்த மனிதர் எப்படிப் பொறுப்பாவார்?

நீளம்தான் ஆபத்து என்கிறீர்கள். எந்த வயதை விலைக்கு வாங்குகிறோம் என்பதுதான் ஆபத்து என்பேன் நான். கொலராடோ 2016இல் நேதன் மக்கினனோடு 7 வருட ஒப்பந்தம் போட்டபோது அவருக்கு 20 வயது. ஆண்டுக்கு 6.3 மில்லியன். முந்தைய பருவத்தில் 52 புள்ளிகள்தான் எடுத்திருந்தார், கூடுதலாகக் கொடுத்துவிட்டார்கள் என்று அன்று பேசியவர்கள் உண்டு. 2017-18இல் 97 புள்ளிகள். 2022இல் கிண்ணம். அந்த ஏழு வருடமும் அவருடைய 20களில் முடிந்துவிட்டன.

அதற்கு மூன்று வருடம் முன்னால், 2013இல், அதே ஏழு வருடத்தை எங்கள் அணி டேவிட் கிளார்க்சனுக்குக் கொடுத்தது. அவருக்கு வயது 29, தொகை 36.75 மில்லியன். 30 கோல் அடித்த பருவம் அவருக்கு வாழ்க்கையில் ஒன்றுதான். இங்கே முதல் பருவத்தில் 60 ஆட்டம், 5 கோல். 2015 பெப்ரவரியில் அவரைக் கொலம்பசுக்கு அனுப்பி நேதன் ஹோர்ட்டனை வாங்கினார்கள். முதுகு காயத்தால் ஹோர்ட்டன் ஒரு நாளும் விளையாட முடியாது என்று தெரிந்தே வாங்கினார்கள். நீண்டகாலக் காயப் பட்டியலில் உள்ளவரின் சம்பள அளவுக்கு அணி உச்சவரம்பைத் தாண்டிச் செலவழிக்கலாம் என்பது அன்றைய விதி. ஆடும் கிளார்க்சனை விட ஆட முடியாத ஹோர்ட்டன் பெறுமதி கூடியவராகிப் போனார். அதோடு முடியவில்லை. 2019இல், விளையாட்டை விட்டுவிட்ட கிளார்க்சனின் ஒப்பந்தத்தையும், அப்போது அதை வைத்திருந்த வேகஸ் அணியிடமிருந்து திரும்ப வாங்கினார்கள், அதே காயப் பட்டியல் கணக்குக்காக. 2019-20இல் இரண்டு பேரின் பெயரும் எங்கள் அணியின் புத்தகத்தில் இருந்தன, இருவரும் ஒரு நிமிடம்கூட ஐசில் இறங்கவில்லை. ஒப்பந்தத்தின் மதிப்பு வீரரின் திறமை மட்டுமில்லை என்பதை எனக்கு விளங்கவைத்தது இந்தக் கதைதான்.

அதனால்தான் சொல்கிறேன், இந்த அணியின் பிழை நைலாண்டரின் எட்டு வருடத்தில் இல்லை. மத்தியூஸுக்கு 21 வயதில் உச்சவரம்பின் 14 சதவீதத்துக்கு மேல் கொடுத்தார்களே, அந்த விலைக்கு எட்டு வருடத்தை வாங்கியிருக்க வேண்டும். ஐந்தைத்தான் வாங்கினார்கள். மார்னரிடம் ஆறு. ஐந்தாம் வருடம் முடிய மத்தியூஸின் விலை 13.25 மில்லியனானது. மார்னர் 2025 கோடையில் வேகஸ் போய்விட்டார். இளம் வயதை முழு விலைக்கு வாங்கி, அரை நீளத்துக்கு வைத்திருந்தோம்.

நீளத்தைத் தவறாகப் பயன்படுத்திய அணிகள் இருந்தன, மறுக்கவில்லை. நியூயோர்க் ஐலண்டர்ஸ் 2006இல் ரிக் டிபியேட்ரோவுக்கு 15 வருடம் எழுதிக் கொடுத்து, 2013இல் பை-அவுட் செய்து, அதாவது மீதித் தொகையின் ஒரு பங்கைக் கொடுப்பதாக ஒப்பந்தத்தை முடித்து, 2029 வரை ஆண்டுக்கு 1.5 மில்லியன் கொடுத்துக்கொண்டிருக்கிறது. வன்கூவர், லுவொங்கோவின் 12 வருட ஒப்பந்தத்தில் கடைசி வருடங்களுக்குச் சிறு சம்பளம் வைத்துச் சராசரியைக் குறைத்தது. அவர் 2019இல் ஓய்வு பெற்றதும் மூன்று பருவம் ஆண்டுக்கு 3 மில்லியனுக்கு மேல் தண்டமாக வன்கூவரின் உச்சவரம்புக் கணக்கில் ஏறியது. லீக்கும் வீரர் சங்கமும் செய்த 2013 உடன்படிக்கை சொந்த வீரருக்கு 8 வருடம், வெளியாருக்கு 7 என்று எல்லை போட்டது இதனால்தான். 2026 செப்டம்பரிலிருந்து அது 7ம் 6மாகிறது.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். இனி வீரர் ஒப்பந்தம் பற்றி எழுதும்போது தொகைக்குப் பக்கத்தில் அந்த வருட உச்சவரம்பில் அது எத்தனை சதவீதம் என்று போடுங்கள். என் மகன் பன்னிரண்டு வயதிலிருந்தே கொப்பியில் கோடு போட்டு அப்படித்தான் எழுதி வைக்கிறான். எனக்குச் சொல்லித்தந்ததும் அவன்தான். ரவாரெஸின் புதிய ஒப்பந்தத்துக்கு, 4 வருடம், ஆண்டுக்கு 4.38 மில்லியன், அந்தக் கொப்பியில் இருக்கும் எண் 4.6.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
ஸ்காபரோ