அந்தப் பெண் சிங்கத்தை எனக்காகப் பார்த்துவிட்டு வா

அன்புள்ள தங்கைக்கு,

லண்டன் மாநாட்டில் உன் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள் என்ற செய்தி கேட்டு மனம் நிறைந்துபோனது. கடைசி அமர்வு வியாழன் மாலை, விமானம் சனிக்கிழமை காலை, நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை முழுதாகக் கிடைக்கிறது, எந்தெந்த அருங்காட்சியகங்களுக்குப் போகலாம் என்று கேட்டிருந்தாய். எனக்கும் அங்கே அப்படியே ஒரு வெள்ளிக்கிழமை கிடைத்தது. அதை நான் செலவழித்த விதத்தை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமான பதில். உன்னைப்போல் பயணப் பையை எடுத்து வைத்துக்கொண்டிருக்கும் வேறு யாருக்காவது உதவட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன்.

என் திட்டம் இதுதான். காலை பத்து மணிக்குப் பிரிட்டிஷ் மியூசியம். மதியத்துக்குமேல் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமைகளில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் இரவு பத்து வரை திறந்திருக்கும் என்பதால் மாலையில் அது. மூன்றிலும் நிரந்தரக் காட்சிக்கூடங்களுக்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்காத இடம் என்றால் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று மனம் தாவும். தாளில் எழுதிப் பார்த்தபோது அந்தத் திட்டத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

நான் கணக்கில் எடுக்காதது மாநாட்டின் களைப்பை. மூன்று நாள்கள் ஜன்னல் இல்லாத அரங்கில் உட்கார்ந்து உரைகள் கேட்டிருந்தேன். இடைவேளையில்கூட ஓய்வு இல்லை. புதிய முகங்கள், கழுத்தில் தொங்கும் அட்டையைப் பார்த்துப் பெயரை நினைவில் வைக்கும் முயற்சி, அளந்து பேசும் பேச்சு. உட்கார்ந்தே இருந்ததால் உடல் களைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கவனமும் உடலிலிருந்துதான் செலவாகிறது. வெள்ளிக்கிழமை காலை நான் கிளம்பும்போதே அதில் பாதிக்குமேல் தீர்ந்திருந்தது. காலில் வேறு, அரங்கில் போட்டிருந்த அதே தோல் காலணி. தோளில் மடிக்கணினிப் பை.

பிரிட்டிஷ் மியூசியத்தில் சுமார் 80,000 பொருள்கள் காட்சியில் இருக்கின்றன. ஒன்றுக்கு ஒரு விநாடி என்று வைத்தாலும் 22 மணி நேரத்துக்குமேல் ஆகும். இந்தக் கணக்கை நான் திரும்பி வந்த பிறகுதான் போட்டுப் பார்த்தேன். அன்று காலை நேராக ரொசெட்டா கல்லிடம் போனேன். 1799இல் எகிப்தில் கிடைத்தது, ஒரே ஆணை மூன்று எழுத்து வடிவங்களில், அதன் துணையோடு 1822இல் சாம்போலியோன் என்ற பிரெஞ்சு அறிஞர் எகிப்தியச் சித்திர எழுத்தின் பூட்டைத் திறந்தார் என்றெல்லாம் படித்திருந்தேன். அங்கே நான் பார்த்தது கண்ணாடிப் பெட்டியையும் அதைச் சுற்றி உயர்ந்திருந்த கைபேசிகளையும். நானும் ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தேன்.

பிறகு, இன்றைய ஈராக் பகுதியில் இருந்த பழைய அசீரியப் பேரரசின் சிற்பங்கள் இருக்கும் நீண்ட அறை. நினிவே நகரில் அசூர்பனிபால் மன்னனின் அரண்மனைச் சுவர்களில் இருந்த சிங்க வேட்டைக் காட்சிகள் அவை. கி.மு. 645ஐ ஒட்டிய காலத்தவை. மண்ணுக்குள் புதைந்து கிடந்தவற்றை 1853இல் கண்டெடுத்தவர் மோசுல் நகரில் பிறந்த ஹோர்முஸ்த் ரஸ்ஸாம். மன்னனின் தேர், குதிரைகள், கூண்டைத் திறந்து சிங்கத்தை வெளியே விடும் ஆள், எல்லாம் வரிசையாகப் போகின்றன. நடுவே ஒரு பெண் சிங்கம். உடலில் அம்புகள் தைத்திருக்கின்றன. இடுப்புக்குக் கீழே உயிர் போய்விட்டது. பின்னங்கால்கள் தரையில் இழுபட, முன்னங்கால்களை ஊன்றித் தலையைத் தூக்கிக் கர்ஜிக்கிறது. மன்னனின் வீரத்தைப் பாடுவதற்காகச் செதுக்கிய சுவரில், அந்தச் சிற்பியின் கை மன்னனைவிட இந்த விலங்கிடம்தான் அதிகம் உருகியிருக்கிறது. அரசன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சிங்கத்தின் கழுத்துத் தசையில் வலி தெரிகிறது.

அதன் முன் ஆறு நிமிடம்தான் நின்றேன். கடிகாரத்தைப் பார்த்தேன். பார்த்தெனான் என்ற கிரேக்கக் கோயிலின் சிற்பங்கள் பாக்கி, மேல்தளத்தில் மம்மிகள் பாக்கி. நகர்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு என் கண்ணில் எதுவும் தங்கவில்லை. குனிந்து விளக்க அட்டையைப் படிப்பேன், நிமிர்ந்து பொருளைப் பார்ப்பேன், படித்தது மறந்துவிடும், மறுபடி குனிவேன். ஒன்றரை மணிக்கெல்லாம் குதிகாலில் கொப்புளம். கூட வந்த நண்பர்கள் இருவரும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள்.

இது என் சோம்பேறித்தனமோ, கலையை ரசிக்கத் தெரியாத குறையோ என்று அன்று வெட்கப்பட்டேன். பிறகு தேடிப் படித்தேன். போஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் செயலராக இருந்த பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன் 1916லேயே இதற்கு ‘அருங்காட்சியகக் களைப்பு’ என்று பெயர் வைத்து ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். ஓர் ஆளைக் காட்சிப் பெட்டிகளின் முன் நிறுத்தி, அவர் எப்படியெல்லாம் குனிகிறார், முழங்காலை மடக்குகிறார், கழுத்தை வளைக்கிறார் என்று படம்பிடித்துக் காட்டினார். பொருள்களை வைத்திருக்கும் விதமே பார்ப்பவரை வதைக்கிறது என்பது அவர் வாதம். நூறு வருடத்துக்கு முன்பே இதை ஒருவர் பார்வையாளர் பக்கம் நின்று சொல்லியிருக்கிறார் என்று படித்தபோது எனக்குப் பெரிய ஆறுதல்.

உடலும் தன் பங்குக்குக் காரணம் சொல்கிறது. வேகமாக நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. இரண்டடி நடந்து இரண்டு நிமிடம் நின்றால் அந்த வேலை நடக்காது. இரத்தம் காலில் தேங்கும். ஒரு மணி நேர நடையைவிட அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் அதிகம் வலிப்பது இதனால்தான். துணி, காகிதம் போன்றவை நிறம் வெளுக்காமல் இருக்க 50 லக்ஸ் என்ற மிகக் குறைந்த அளவுக்குத்தான் வெளிச்சம் வைப்பார்கள். அந்த மங்கலில் சிறிய எழுத்தைப் படித்துப் படித்துக் கண்ணும் சோர்ந்துபோகிறது.

பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஹோல்போர்ன் நிலையத்தில் பிக்கடில்லி தடத்துச் சுரங்க ரயில் ஏறினால் ஏழாவது நிறுத்தம் சவுத் கென்சிங்டன். உட்கார இடம் கிடைத்த அந்தப் பயணம்தான் அதுவரை அன்றைய நாளின் சிறந்த பகுதி. இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. நுழைந்ததும் தலைக்குமேல் 25.2 மீட்டர் நீலத் திமிங்கல எலும்புக்கூடு பாய்வதுபோல் தொங்குகிறது. அதை அண்ணாந்து பார்த்தபோது கழுத்து வலித்தது. மற்றதெல்லாம் கூட்டம்.

விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்டுக்குள் நுழைந்தபோது மாலை ஆறு தாண்டியிருந்தது. நண்பர்கள் விடுதிக்குத் திரும்பிவிட்டார்கள். இஸ்லாமியக் கலைக்கூடத்தில் ஓர் இருக்கை கண்ணில் பட்டது. என்ன இருக்கிறது என்று பார்க்காமலே உட்கார்ந்தேன். எதிரே தரையில், கண்ணாடி அறைக்குள், இருட்டில் ஏதோ பெரிதாக விரிந்திருந்தது. எழுந்திருக்கத் தெம்பில்லாததால் உட்கார்ந்தே இருந்தேன். ஆறரைக்கு விளக்கு எரிந்தது.

அதுதான் அர்தபீல் கம்பளம். ஈரானில் 1539-40இல் நெய்தது, பத்து மீட்டருக்குமேல் நீளம். நிறம் காப்பதற்காக ஒவ்வோர் அரை மணிக்கும் பத்து நிமிடம்தான் வெளிச்சம் போடுகிறார்கள். ஆழ்ந்த நீலத்தில் கொடிகள், நடுவே பொன்மஞ்சள் பதக்கம், அதன் இரு முனையிலும் ஒவ்வொரு தொங்குவிளக்கு. ஒரு விளக்கு மற்றதைவிடச் சிறியது என்பது ஐந்தாவது நிமிடத்தில்தான் தெரிந்தது. சிறியதன் பக்கம் உட்கார்ந்தால் இரண்டும் ஒரே அளவாகத் தெரியட்டும் என்று அப்படி நெய்தார்கள் என்பது ஒரு கருத்து. குறையில்லாதது இறைவன் மட்டுமே என்பதால் வேண்டுமென்றே விட்ட குறை என்பது இன்னொன்று. ஓர் ஓரத்தில் கவிதை வரியும் மக்சூத் காஷானி என்ற பெயரும் இருக்கின்றன. விளக்கு அணைந்தது. நான் போகவில்லை. ஏழு மணிக்கு மறுபடி எரிந்தது. ஏழரைக்கும் பார்த்தேன். மூன்று பத்து நிமிடங்கள். அன்று முழுவதும் நான் உண்மையில் பார்த்தது அந்த முப்பது நிமிடம்தான். இன்று கண்ணை மூடினாலும் அந்த நீலம் வருகிறது.

உனக்கு நான் பட்டியல் தரப்போவதில்லை. காலணியை மட்டும் மாற்றிக்கொள். மடிக்கணினியை விடுதியில் வைத்துவிடு. மடக்கு முக்காலி இரவல் கிடைக்குமா என்று வாசலிலேயே கேள், கேட்கத் தயங்காதே. காலையில் தூங்கிவிட்டு மெதுவாகக் கிளம்பு. பிரிட்டிஷ் மியூசியமும் வெள்ளிக்கிழமை மாலை எட்டரை வரை திறந்திருக்கும், அந்நேரம் கூட்டம் வடிந்திருக்கும். ரொசெட்டா கல்லைத் தாண்டி அசீரிய அறைக்குப் போ. அந்தப் பெண் சிங்கத்தின் முன் முக்காலியைப் போட்டு உட்கார். பின்னங்கால்களின் தசையை எப்படித் தளரவிட்டிருக்கிறார்கள், முன்னங்கால் நகங்கள் தரையைப் பற்றியிருக்கின்றனவா, கண் எந்தப் பக்கம் பார்க்கிறது? என் நினைவில் இவை இல்லை. நீ பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
அண்ணன்