டைட் எண்டைப் பின்னால் நிறுத்துவது எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த அமெரிக்கக் கால்பந்துக் கட்டுரை, டைட் எண்டை (முன்வரிசை ஓரத்தில் நின்று எதிராளியைத் தடுப்பவர், பாஸும் பிடிப்பவர்) ரன்னிங் பேக்கின் (பின்னால் நின்று பந்தை ஏந்தி ஓடுபவர்) இடத்தில் நிறுத்துவதை 'எதிரணியை ஏமாற்றும் வித்தை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அதற்கு உதாரணமாக 2012 ஜனவரி 14 அன்று நடந்த நியூ இங்கிலாந்து - டென்வர் பிளேஆஃப் ஆட்டத்தைக் காட்டியிருந்தது. உதாரணம் பொருத்தமானதுதான். அதிலிருந்து எடுத்த முடிவுதான் இடிக்கிறது.

அன்று ஆரன் ஹெர்னாண்டஸ் ஐந்து முறை பந்தை ஏந்தி ஓடி 61 கஜம் எடுத்தார். அதில் ஒரு ஓட்டம் மட்டும் 43 கஜம். நியூ இங்கிலாந்து 45-10 என்று வென்றது. வெறும் ஏமாற்று என்றால் இரண்டாவது தடவையே எதிரணி சுதாரித்திருக்கும். ஆனால் இந்த ஏற்பாட்டின் பலம் ஆள் மாற்றும் விதியில் இருக்கிறது.

தாக்கும் அணி ஆளை மாற்றினால், தற்காக்கும் அணியும் மாற்றிக்கொள்ள நடுவர் அவகாசம் தருவார். தாக்கும் அணி மாற்றவில்லை என்றால் அந்த அவகாசம் கிடையாது. ஹட்டில் (அடுத்த நகர்வைப் பேச வட்டமாகக் கூடுவது) கூடாமல் அடுத்தடுத்து ஸ்னாப் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது) எடுத்தால், களத்தில் யார் நிற்கிறார்களோ அவர்களோடுதான் தற்காப்பு சமாளிக்க வேண்டும். அந்த ஆண்டு நியூ இங்கிலாந்திடம் ராப் கிரான்கவ்ஸ்கி, ஹெர்னாண்டஸ் என்று இரண்டு டைட் எண்டுகள். அதே பதினொரு பேரை வைத்துக்கொண்டு ஹெர்னாண்டஸை ஸ்கிரிம்மேஜ் கோட்டின் (ஸ்னாப்புக்கு முன் இரு அணியும் எதிரெதிரே நிற்கும் கோடு) ஓரத்தில் நிறுத்தலாம், பாஸ் பிடிக்கும் ரிசீவர் போல அகல விரித்து நிறுத்தலாம், குவார்ட்டர்பேக் (ஸ்னாப்பை வாங்கிப் பந்தை எறிபவர் அல்லது கொடுப்பவர்) டாம் பிரேடியின் பக்கத்தில் ரன்னிங் பேக்காகவும் நிறுத்தலாம். எதிரணி கனத்த லைன்பேக்கர்களை (தற்காப்பின் நடுவரிசை ஆட்கள்) இறக்கினால் அவர் வெளியே போய் பாஸ் வாங்குவார். ஐந்தாவது டிஃபென்சிவ் பேக்கை (பாஸைத் தடுக்கும் பின்வரிசை ஆள்) இறக்கினால் உள்ளே வந்து ஓடுவார். எதை இறக்கினாலும் தப்பு என்ற நிலையில் எதிரணியைப் பிடித்து வைப்பதுதான் நோக்கம்.

ஆகவே இந்த ஆளிடம் முதலில் பார்க்க வேண்டியது ஓட்டத் திறமையை அல்ல. பிளாக் செய்வாரா (எதிராளியை உடலால் மறிப்பாரா), பந்தைப் பிடிப்பாரா என்பதைத்தான். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் எதிரணிக்குத் தலைவலி தீர்ந்தது, ஒரே விடையைத் தயார் செய்தால் போதும்.

இது 2012இல் முளைத்த யோசனையும் அல்ல. 1981இல் லைன்பேக்கர் லாரன்ஸ் டெய்லர் நியூயார்க் ஜயன்ட்ஸில் சேர்ந்தபோது, ஓரத்திலிருந்து பாய்ந்து வரும் அவரை ரன்னிங் பேக்கால் தடுக்க முடியவில்லை. வாஷிங்டன் பயிற்சியாளர் ஜோ கிப்ஸ் இரண்டாவது டைட் எண்டைக் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் நிறுத்தி, எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நகரவிட்டார். எச்-பேக் என்ற இடம் அப்படித்தான் நிலைபெற்றது. சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் அணியின் ஃபுல்பேக்காக (ஓடுபவருக்கு முன்னால் போய் வழி திறப்பவர்) பெயர் பெற்ற கைல் யூஸ்செக், ஹார்வர்டில் டைட் எண்டாக ஆடியவர்.

பள்ளி அணிகள் இதைப் பின்பற்றும்போது முதலில் சறுக்குவது ஆள் கணக்கில். ஸ்கிரிம்மேஜ் கோட்டில் ஏழு பேர், பின்னால் நான்கு பேர். டைட் எண்ட் பின்னால் வந்ததும் கோட்டில் ஆறு பேர்தான் மிஞ்சுவார்கள். அவர் விட்டு வந்த பக்கத்து ரிசீவர் ஓரடி முன்னேறிக் கோட்டுக்கு வராவிட்டால் ஐந்து கஜ அபராதம். திரும்ப டைட் எண்ட் கோட்டுக்குப் போகும்போது அந்த ரிசீவர் பின்வாங்க மறந்தால் இன்னும் மோசம்: டைட் எண்ட் உள்ளே மாட்டிக்கொள்வார், முன்னே எறியும் பாஸை வாங்கும் தகுதி போய்விடும். இடம் மாறுபவர்கள் ஒருவருக்கு மேல் இருந்தால், எல்லோரும் ஒரு முழு வினாடி அசையாமல் நின்ற பிறகே ஸ்னாப்.

அடுத்து ஹேண்டாஃப், அதாவது குவார்ட்டர்பேக் பந்தைக் கையோடு கொடுப்பது. டைட் எண்டின் கை பாஸ் பிடித்துப் பழகிய கை, பந்தைக் கண்டதும் நீளும். பந்து நழுவுவது பெரும்பாலும் அங்கேதான். குவார்ட்டர்பேக் இருக்கும் பக்கத்தில் டைட் எண்டின் முழங்கை மார்பளவு உயர்ந்திருக்க வேண்டும். மறு கை வயிற்றோடு உள்ளங்கை மேல்நோக்கி இருக்க வேண்டும். பந்தை வைப்பது குவார்ட்டர்பேக்கின் வேலை, இவர் அதை மூடிக்கொண்டால் போதும். கண் பந்தில் இருக்கக் கூடாது, முன்னால் திறக்கும் சந்தில் இருக்க வேண்டும். இவருக்கு இரண்டு ஓட்டங்களுக்கு மேல் கற்றுத்தருவது வீண். அவையும் ஒரே ஒரு திருப்பம் உள்ளவையாக இருக்கட்டும். சந்து மூடும்போது அடுத்த சந்தைத் தேடும் பார்வை, ரன்னிங் பேக்குக்கு ஆயிரக்கணக்கான தடவை ஓடித்தான் வருகிறது.

பிளாக்கிங்தான் உண்மையான சோதனை. ஃபுல்பேக் ஆறடியை ஒட்டிய, குட்டையான கட்டுமஸ்தான ஆளாக இருப்பார். டைட் எண்ட் ஆறடி நான்கு, ஐந்து அங்குலம். நாலைந்து கஜம் ஓடிவந்து லைன்பேக்கரை நேருக்கு நேர் மோதச் சொன்னால், இடுப்பு உயர்ந்தே இருக்கும். லைன்பேக்கர் அடியில் புகுந்து தூக்கிவிடுவார், அல்லது விலகிப் போய்விடுவார். அதனால் நேர் மோதலைத் தவிர்த்துக் குறுக்காக அனுப்புங்கள். ஸ்ப்ளிட் ஸோன் என்ற ஓட்டத்தில் முன்வரிசை முழுவதும் இடப்புறம் நகரும். டைட் எண்ட் மட்டும் எதிர்த்திசையில், வரிசையின் குதிகாலை ஒட்டியே ஓடி, வேண்டுமென்றே தடுக்காமல் விட்ட வலப்புற டிஃபென்சிவ் எண்டின் (தற்காப்பு முன்வரிசையின் ஓர ஆள்) உள்தோளில் மோதி வெளியே தள்ளுவார். அவர் பாதை ஒரு கஜம் ஆழமாகப் போனாலும் டிஃபென்சிவ் எண்ட் உள்ளே புகுந்துவிடுவார், ரன்னிங் பேக் திரும்பி ஓட வேண்டிய சந்து அடைபட்டுவிடும். இது இரண்டு மூன்று முறை பலித்த பிறகு, அதே பாதையில் எண்டை மோதாமல் கடந்து பக்கவாட்டில் போய் பாஸ் வாங்கட்டும். இந்த இரட்டையைக் கற்றுத்தராத அணி, டைட் எண்டைப் பின்னால் நிறுத்தி ஒரு பயனும் இல்லை.

பாஸ் பாதுகாப்பில் இன்னொரு பழக்கத்தை மாற்ற வேண்டும். ஓரத்தில் நின்று பழகியவர் முதலில் வெளியே பார்ப்பார். பின்னால் நிற்பவர் முதலில் உள் லைன்பேக்கரைப் பார்த்து, பிறகுதான் வெளியே பார்க்க வேண்டும். குவார்ட்டர்பேக்கை அடைய நடுவழிதான் குறுக்குவழி.

குவார்ட்டர்பேக்குக்கு ஓர் உபரி லாபமும் உண்டு. டைட் எண்டை முதலில் பின்னால் நிறுத்தி, ஸ்னாப்புக்கு முன் அகல அனுப்புங்கள். லைன்பேக்கரோ சேஃப்டியோ (தற்காப்பின் கடைசி வரிசை ஆள்) கூடவே போனால் ஆளுக்கு ஆள் காவல். அவர்கள் அசையாமல் நிற்க, ஓரத்து டிஃபென்சிவ் பேக்கான கார்னர்பேக் எதிரே வந்து நின்றால் பெரும்பாலும் ஸோன் காவல், அதாவது ஆளுக்குப் பதில் அவரவர் பகுதியைக் காப்பது. இந்தத் தகவலுக்காகவே சில அணிகள் அவருக்குப் பந்தைத் தராமல் இப்படி நகர்த்திக்கொண்டிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. பின்னாலிருந்து ஓடுபவர் மேல் ஒரே நேரத்தில் பல பக்கத்திலிருந்து அடி விழும். உயரமானவரின் முழங்கால் நல்ல இலக்கு. ஹெர்னாண்டஸுக்கு அதே டென்வர் ஆட்டத்தில்தான் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டது. ஓர் ஆட்டத்துக்கு ஐந்து ஓட்டத்துக்கு மேல் கொடுப்பது பேராசை.

கட்டுரையில் நியூ ஆர்லியன்ஸ் அணிக்கு ஆடிய டேசம் ஹில்லையும் இதே கணக்கில் சேர்த்திருப்பது பொருந்தவில்லை. 2022 அக்டோபர் 9 அன்று சியாட்டிலுக்கு எதிராக அவர் 112 கஜம் ஓடி மூன்று டச்டவுன் எடுத்தது உண்மை. ஆனால் அவர் குவார்ட்டர்பேக்காக வளர்ந்தவர், பல தடவை ஸ்னாப்பை நேரடியாகத் தானே வாங்கி ஓடியவர். அங்கே ஹேண்டாஃப் கிடையாது. வழக்கமாகப் பந்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கும் குவார்ட்டர்பேக்கின் இடத்தில் ஓடுபவரே இருப்பதால், பிளாக் செய்ய ஓர் ஆள் கூடுகிறார். அது தனிக் கணக்கு.

இதைப் பற்றி மறுபடி எழுதினால், கோட்டில் நிற்கும் ஏழு பேரையும் பின்னால் நிற்கும் நால்வரையும் குறித்த ஒரு வரைபடம் சேர்த்து வெளியிடுங்கள். இந்த ஆட்டத்தைப் புதிதாகப் பார்க்கும் வாசகர்களுக்குச் சொற்களைவிட அது உதவும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நியூ ஜெர்சி