நாள் முடிகிறது, டேட்டா முடியவில்லை

மல்லாவி
16.03.2025

அன்பின் மதி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று வாசித்ததும் நிம்மதியாக இருந்தது. கண்ணுக்கு விடும் மருந்தை நேரம் தவறாமல் விடு. தனக்குச் சுகம் வந்துவிட்டது என்று தானே தீர்மானித்து, மருந்துப் போத்தலை யன்னலோரம் ஒதுக்கி வைத்துவிடுகிறவர் உன் அம்மா என்பது எனக்குத் தெரியாததா?

இங்கே காலபோக அறுவடை ஒருவாறு முடிந்துவிட்டது. அண்ணாவின் வயலில் ஒரு மூலையை யானை மிதித்தது போக மிச்சம் வீடு வந்து சேர்ந்தது. நெல் விலையைப் பற்றிக் கேட்காதே, கேட்டால் இந்தக் கடிதம் அதோடு முடிந்துவிடும். வவுனிக்குளத்தில் தண்ணீர் நிற்கிறது. சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று கூட்டம் வைத்துத் தீர்மானிக்க வேண்டும், அங்கே வழக்கமான சண்டையும் நடக்கும். மகள் வவுனியாப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். நன்றாகப் படிக்கிறாள், மெலிந்துவிட்டாள்.

இனி நம்முடைய சண்டைக்கு வருகிறேன். காசு கொடுத்து வாங்கிய டேட்டாவில் பாவிக்காத மிச்சம், பக்கேஜின் நாள் முடிந்ததும் அழிந்துவிடுகிறதே என்று, போன கடிதத்தில் ரீலோட் போடும் கடைக்காரியாக என் எரிச்சலைக் கொட்டியிருந்தேன். நீ கணக்காளராகப் பதில் எழுதியிருக்கிறாய். விலை, அளவு, நாள் மூன்றும் சேர்ந்ததுதான் பக்கேஜ் என்கிறாய். நாளை எடுத்துவிட்டால் விலை ஏறும் என்கிறாய். டேட்டா குளத்து நீர் இல்லை, வாய்க்காலில் வரும் முறைத் தண்ணீர், உன் முறையில் நீ பாய்ச்சாவிட்டால் அது கீழே போய்விடும் என்றும் எழுதியிருக்கிறாய். கமக்காரரின் மகள் என்பதைக் கொழும்பின் வெள்ளவத்தை உனக்கு இன்னும் மறக்கடிக்கவில்லை. உவமை நன்றாகவே இருக்கிறது. அதை வைத்தே உன்னை மடக்கலாம் என்பதால் எனக்கு இன்னும் கூடப் பிடித்தது.

உன் பக்கத்தில் நியாயம் இருக்கும் இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். என் பெயரில் ஒரு ஜிபியை எவரும் எங்கேயும் எடுத்து வைத்திருக்கவில்லை. நிறுவனத்தின் செலவெல்லாம் கோபுரம், அலைக்கற்றை, மின்சாரம், ஜெனரேற்றருக்கு டீசல், மண்ணுக்குள் போகும் கண்ணாடியிழைக் கம்பி என்று போகிறது. அத்தனையும் மாலையில் ஊரே ஒரே நேரத்தில் போனைத் திறக்கிறபோது தாங்க வேண்டும். அந்த நெரிசலுக்கு ஏற்ற அளவில்தான் வலையமைப்பைக் கட்டுகிறார்கள். விடியப்புறம் மூன்று மணிக்கு அதே கோபுரம் சும்மா நிற்கும். இதுவரை நீ சொல்வது சரி.

ஆனால், அப்படியானால் காலாவதி நெரிசலைக் குறைக்க வேண்டும் அல்லவா? என் கடை வாசலில் நான் காண்பது நேர்மாறு. பக்கேஜின் கடைசி நாள் மாலையில் பொடியன்கள் வாங்கில் வந்து குந்துவார்கள். நள்ளிரவோடு போய்விடும், அதற்குள் தீர்த்துவிட வேண்டும் என்று, பார்க்க விருப்பமில்லாத காணொளிகளைக்கூட ஓடவிட்டுக்கொண்டு இருப்பார்கள். அதுவும் ஊரே போனோடு இருக்கும் நேரத்தில். காலாவதி இல்லாவிட்டால் அந்தக் காணொளிகள் அன்றிரவு ஓடியே இராது. நெரிசல்தான் கவலை என்றால் அதற்கு வேறு மருந்து இருக்கிறது, அதை அவர்களே விற்கிறார்கள். இரவு டேட்டா என்று தனியாகத் தருகிறார்களே, அது நேரத்துக்கு ஏற்ற விலை. என் மகள் விரிவுரைக் காணொளிகளை நள்ளிரவுக்குப் பிறகு இறக்கி வைத்துத்தான் படிக்கிறாள். அவள் மெலிந்ததில் இதற்கும் பங்குண்டு என்பது என் சந்தேகம். நித்திரை கெடுவது எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு நேர்மை இருக்கிறது. நெரிசல் இல்லாத நேரத்தில் எடுத்தால் மலிவு என்று வெளிப்படையாகச் சொல்கிறது. பதினைந்தாம் திகதி நான் பாவிக்காத டேட்டாவை அடுத்த மாதம் மூன்றாம் திகதி பாவித்தால் யாருக்கு என்ன நெரிசல்? அதற்கு உன் கடிதத்தில் பதில் இல்லை.

இன்னொன்று. யோகபுரத்திலிருந்து ஓர் ஆச்சி வருவார். மகன் பிரான்சில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வட்ஸ்அப்பில் முகம் காட்டுவான். ஆச்சி ஏழு நாள் பக்கேஜ்தான் போடுவார், ஏனென்றால் அன்றைக்குக் கையில் இருக்கிற காசு அதற்குத்தான் காணும். அந்த ஒரு அழைப்புக்குப் போனது போக அரைவாசிக்கு மேல் அப்படியே அழிந்துவிடும். அடுத்த வாரம் வந்து, "பிள்ளை, போன கிழமை போட்டதிலே மிச்சம் இருக்கும், பார்" என்பார். நான் பார்ப்பேன். இருக்காது. காலாவதியாகப் போகிறது என்ற குறுஞ்செய்தி ஆங்கிலத்தில் வந்து கிடக்கும். முப்பது நாள் பக்கேஜ் போட்டால் ஒரு ஜிபியின் விலையும் குறையும், நாளும் கூடும் என்று நான் சொல்லாமலில்லை. அறுவடைக் காலத்தில் காசு புழங்கும், களை பிடுங்கும் காலத்தில் கொஞ்சம் வரும், பிறகு வராது. இப்படி வாழ்கிறவர்கள் எதையும் மொத்தமாக வாங்க மாட்டார்கள். அதனால்தான் விலை கூடிய சின்னப் பக்கேஜும், விரைவாக முடிகிற நாளும், மிச்சத்தின் இழப்பும் எப்போதும் அவர்களுடைய தலையிலேயே விழுகின்றன.

ஒரு சிலர் மிச்சம் விடுவதால்தான் எல்லோருக்கும் விலை குறைகிறது என்று நீ எழுதியதை இங்கே வைத்துப் பார். மிச்சம் விடுகிறவர் இந்த ஆச்சி. அந்த மிச்சத்தால் பயனடைகிறவர் கொழும்பில் மாதம் முழுக்கப் படம் பார்க்கிறவர். யோகபுரத்து ஆச்சி வெள்ளவத்தைக்குச் சகாய விலையில் இணையம் கொடுக்கிறார், மதி. உன் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இதைப் பற்றிய கணக்கியலை எனக்குச் சொல்லித் தந்ததே நீதான். முற்பணமாக வாங்கிய காசு, சேவையைக் கொடுக்கும்வரை நிறுவனத்தின் புத்தகத்தில் ஒரு பொறுப்பு என்றாய். 2018 முதல் நடைமுறையில் இருக்கும் ஐஎஃப்ஆர்எஸ் 15 என்ற சர்வதேசக் கணக்கு நியமம், வாடிக்கையாளர் எடுக்காமல் விடக்கூடிய பங்கை அனுபவத்தை வைத்து மதிப்பிட்டு வருமானமாகப் பதிய இடம் தருகிறது என்றும் சொன்னாய். அன்றைக்கு நான் தலையாட்டிக்கொண்டு கேட்டேன். இப்போது அந்த நியமத்துக்குள் ஆச்சி உட்கார்ந்திருப்பது தெரிகிறது. அவர் மறந்துபோவதும், மகன் ஒரு ஞாயிறு அழைக்காமல் விடுவதும் முன்கூட்டியே மதிப்பிடப்பட்ட வருமானம். வரியையும் பார். 2024 ஜனவரியிலிருந்து வற் எனும் பெறுமதி சேர் வரி 18%. பாவித்ததற்கும் பாவிக்காததற்கும் சேர்த்து அவரிடம் வாங்கியாயிற்று. கிடைக்காத சேவைக்கு வரி கட்டிய பெருமையும் அவருக்கே.

இப்போது உன் வாய்க்காலுக்கு வருகிறேன். முறைத் தண்ணீர் என்றாய் அல்லவா? உன் அப்பாவின் முறை வரும் அன்று மேலே எங்கேயோ கட்டு உடைந்து, துருசு திறந்தும் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்று வைத்துக்கொள். தண்ணீரைப் பங்கிடும் வட்டவிதானை என்ன செய்வார்? "உன் முறை முடிந்துவிட்டது, போ" என்பாரா? சொன்னால் அவர் அடுத்த கூட்டத்துக்கு வர முடியுமா? இன்னொரு நாள் பார்த்துத் தண்ணீரை விடுவார். முறை என்பது இரண்டு பக்கத்தையும் கட்டும். நான் என் நாளில் எடுக்க வேண்டும் என்றால், நீ என் நாளில் தர வேண்டும்.

வன்னியில் அது நடக்கிறதா? மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்குப் போகும் வீதியில் காடு தொடங்கினால் சிக்னல் விழுந்து விழுந்து எழும்பும். மாரியில் இடி மின்னலோடு மழை பிடித்தால் மின்சாரமும் போகும், சிறிது நேரத்தில் கோபுரமும் ஓய்ந்துவிடும். 2022 மார்ச் கடைசியை நினைத்துப் பார். நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரைக்கும் மின்வெட்டு. ஜெனரேற்றர்களுக்கு டீசல் கிடைக்காமல் கோபுரங்கள் அடங்கின. பக்கேஜின் நாள் மட்டும் அடங்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் கட்டணத்தை 20% கூட்டினார்கள். டீசலும் டொலரும் ஏறியதை மறுக்கவில்லை. செலவு ஏறினால் வாடிக்கையாளரிடம் கேட்கிறார்கள். சேவை நின்றால் மட்டும் நாளைத் திருப்பித் தர வழியில்லையாம். ஒரு கோபுரம் எத்தனை மணி நேரம் நின்றது என்பது நிறுவனத்தின் கணினியில் இருக்கும். அதில் யார் யார் தொங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதும் இருக்கும்.

பிடிக்காவிட்டால் வேறு நிறுவனத்துக்கு மாறு என்பது உன் அடுத்த வாதம். எங்கே மாறுவது? ஐந்து நிறுவனங்கள் இருந்தன. 2018 இல் எடிசலாட் ஹட்சோடு சேர்ந்தது, 2024 இல் எயார்டெல் டயலொக்கோடு சேர்ந்தது. இப்போது மூன்று. ஊருக்குள் வந்தால் அந்த மூன்றும் இல்லை. எங்கள் பக்கத்துக் கிராமங்கள் சிலவற்றில் வீட்டுக்குள் இருந்து பேச வேண்டுமென்றால் ஒன்றுதான் சரிவரும். புதிய சிம் எடுத்தால் எண்ணும் மாறும். வங்கியில் கொடுத்ததும் பள்ளிக்கூடத்தில் கொடுத்ததும் பிரான்சில் இருக்கிற மகனிடம் இருப்பதும் அந்த எண்தான்.

இது நடக்காத காரியம் என்றும் நினைக்காதே. சீனாவில் 2015 ஒக்டோபரிலிருந்து மாத மிச்சம் அடுத்த மாதத்துக்குப் போகிறது. தென்னாபிரிக்காவில் டேட்டா விலை குறைய வேண்டும் என்று 2016 இல் மக்கள் பெரிதாகக் கிளம்பினார்கள். 2019 இலிருந்து அங்கே மிச்சத்தை நீட்டிக்கவும், அதே வலையமைப்பில் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கவும் நிறுவனங்கள் வசதி செய்ய வேண்டும் என்று விதி இருக்கிறது. பாதி முடிந்தது, 80% முடிந்தது, முழுதும் முடிந்தது என்று அறிவிக்கவும் வேண்டும். கானாவிலும் 2019 இல், மிச்சத்தை அடுத்த ரீலோடோடு சேர்க்கச் சொல்லிப் பணித்தார்கள். இந்தியாவின் சங்கதி வேறு மாதிரி வேடிக்கை. அங்கே மாதம் என்று விற்றது 28 நாள். ஒரு வருடத்துக்கு 12 தரம் போட வேண்டியவர் 13 தரம் போட வேண்டியதாயிற்று. 2022 இல் அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம், முப்பது நாள் உள்ள திட்டம் ஒன்றாவது ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நாள்காட்டியையே திருத்தி வருமானம் பார்க்கலாம் என்று யோசித்தவருடைய மூளையை மெச்சத்தான் வேண்டும். அவரும் உன்னைப் போல ஒரு கணக்காளராக இருந்திருப்பார்.

சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டு வளர்ந்தவளுக்கு டேட்டாவைப் பற்றி இவ்வளவு வாயா என்று என் மச்சாள் கேட்கிறாள். அன்றைக்கு இல்லாமல் சமாளித்தோம், ஏனென்றால் அப்போது யாரும் அதைக் கேட்கவில்லை. இன்றைக்குப் பரீட்சைப் பெறுபேறு இணையத்தில், பல்கலைக்கழக விண்ணப்பம் இணையத்தில், கொரோனாக் காலத்தில் வகுப்பே சூமில் நடந்தது. சிக்னலுக்காகக் குளக்கட்டில் ஏறி நின்ற பிள்ளைகளை நீயும் செய்தியில் பார்த்திருப்பாய்.

நான் கேட்பது பெரிதில்லை. என்றைக்கும் அழியாத டேட்டா வேண்டாம். அதற்கு அவர்கள் விலையை எங்கேயோ கொண்டுபோய் நிறுத்துவார்கள், அந்த அளவுக்கு உன் வாதத்தை ஏற்கிறேன். நாள் முடிவதற்குள் அல்லது முடிந்து சில நாட்களுக்குள் திரும்ப ரீலோட் போட்டால் மிச்சம் அதனோடு சேர வேண்டும். கோபுரம் நின்ற நேரத்துக்கு நாள் நீள வேண்டும். முடியப் போகிறது என்ற செய்தி ஆச்சிக்கு விளங்குகிற மொழியில் வர வேண்டும். இதனால் விலை கொஞ்சம் ஏறினாலும் பரவாயில்லை. ஏறிய விலை பக்கேஜின் முகத்தில் எழுதியிருக்கும், அதைப் பார்த்து வாங்குவதா விடுவதா என்று ஆச்சியே தீர்மானிப்பார். இப்போது கொடுக்கிற விலையில் பாதி வீணாகப் போவது, அடுத்த ஞாயிறு வரைக்கும் கண்ணுக்குத் தெரியாது.

கட்டணங்களுக்கு அனுமதி கொடுக்கிறது தொலைத்தொடர்புகள் ஒழுங்குறுத்தும் ஆணைக்குழு. அதற்கு ஒரு மனு எழுதத் தொடங்கியிருக்கிறேன். மாதர் சங்கத்திலும் கமக்காரர் அமைப்பிலும் கையெழுத்து வைக்க ஆட்கள் இருக்கிறார்கள். தமிழில் எழுதுவது என் வேலை. அந்த நியமம் பற்றிய பந்தியையும் வற் பற்றிய பந்தியையும் நீ பார்த்துத் திருத்தித் தர வேண்டும், சிங்களப் பிரதி ஒன்றும் வேண்டும். உன் கந்தோரில் யாராவது செய்து தருவார்களா? நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளையும் ஒருமுறை புரட்டு. பாவிக்காமல் போனதிலிருந்து வந்த வருமானத்தைத் தனியாகக் காட்டியிருக்கிறார்களா என்று பார். காட்டியிருந்தால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. காட்டாவிட்டால் அதையும் மனுவில் எழுதுவோம்.

உன் வாதத்தை நீ கைவிட வேண்டாம். மறுபக்கத்தில் ஒருவர் நின்று தட்டிப் பார்த்தால்தான் மனு உறுதியாக வரும்.

சித்திரைக்கு வருவதாக இருந்தால் பஸ்ஸுக்கு இப்போதே பதிந்துவிடு, பிறகு இடம் கிடைக்காது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. வரும்போது மகளுக்கு அந்தப் பச்சை நிறக் குறிப்புக் கொப்பிகள் இரண்டு வாங்கி வா, இங்கே கிடைப்பதில் மை ஊறுகிறதாம்.

அன்புடன்,
கலா