அது சிறுமலைப் பழம் அல்ல

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் சாலையோரத் தோட்டக் கடைகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மதுரை – திண்டுக்கல் சாலையில் காரை நிறுத்தி வாங்க வேண்டியவை என்று ஆயக்குடிக் கொய்யா, கம்பம் பன்னீர் திராட்சை, சிறுமலை வாழை எல்லாவற்றையும் அடுக்கிவிட்டு, "எந்த மண்ணில் விளைந்தால் என்ன, வாய்க்கு ருசியாக இருந்தால் சரி" என்று முடித்திருக்கிறார் உங்கள் கட்டுரையாளர். திண்டுக்கல் பக்கத்துச் சிறுமலையில் வாழை வைத்திருக்கிறவன் நான், நாற்பது ஆண்டுகளாக உங்கள் பத்திரிகையைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கிறவன். நீங்கள் பார்த்த பிறகும் அந்த வரி எப்படி அச்சேறியது என்றுதான் விளங்கவில்லை. எந்த மண் என்பதுதானே ஐயா எங்களுக்குச் சோறு போடுகிறது?

கட்டுரையோடு வந்த படத்தில் "சிறுமலை மலைவாழை, தோட்டத்திலிருந்து நேரடி விற்பனை" என்ற பலகைக்குக் கீழே தொங்கும் தார் சமவெளிப் பூவன். வாழை வைத்தவன் கண்ணுக்கு இது தப்பாது. பூவனும் நல்ல பழம்தான், அதை வைத்துப் பிழைக்கிறவர்களும் என்னைப் போன்ற விவசாயிகள்தான். பூவன் என்று சொல்லி விற்றால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

மறுநாள் மதுரைக்குப் போகும் வழியில் அதே போன்ற ஒரு கடையில் இறங்கினேன். கீற்றுப் பந்தல், மண் பானையில் தண்ணீர், பார்க்கத் தோட்டத்து வாசல் போலவே இருந்தது. சீப்பு ஒன்றைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் விரித்திருந்த காகிதத்தில் தெலுங்கு எழுத்துகள். "எந்தத் தோட்டத்துப் பழம் தம்பி?" என்றேன். "மலைத் தோட்டம் ஐயா" என்றான் அந்தப் பையன். "மலையில் எங்கே? பழையூரா, தென்மலையா, அகஸ்தியர்புரமா?" என்று கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டான். "லாரியில் வருவதை இறக்கி வைக்கிறேன், பலகை முதலாளி வைத்தது" என்றான். தினக்கூலிக்கு நிற்கிற பிள்ளை. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவனைப் பொய் சொல்ல நிறுத்தியவர் மேல்தான் கோபம். அந்தப் பொய்யைப் படம் போட்டுப் பரப்பிய உங்கள் மேலும் வருத்தம்.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். போன தை மாதம் சென்னையிலிருந்து என் சம்பந்தியம்மாள் போன் செய்தார்கள். வரும் வழியில் வாங்கிய "உங்கள் ஊர்ப் பழம்" மூன்றாம் நாளே கறுத்துக் கொழகொழவென்று ஆகிவிட்டதாம். சிறுமலைப் பழம் முன்பு போல் இல்லையே என்றார்கள். நான் விளைவிக்காத பழத்துக்கு நான் தலைகுனிந்து பதில் சொன்னேன். எங்கள் பழம் நாளாக ஆகத் தோல் சுருங்கும், உள்ளே சதை இறுகி இனிப்புதான் கூடும். அந்தக் குணத்துக்காகத்தானே 2008-ல் விருப்பாச்சி மலை வாழைக்கும் சிறுமலை வாழைக்கும், அந்த மண்ணில் விளைந்ததற்கு மட்டுமே அந்தப் பெயர் என்று சொல்லும் புவிசார் குறியீடு கொடுத்தார்கள்? அந்தப் பெயரைப் பொய்யாகப் பயன்படுத்தினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை என்று 1999-ஆம் ஆண்டுப் புவிசார் குறியீட்டுச் சட்டம் சொல்கிறது. யாரையும் சிறையில் தள்ள நான் கேட்கவில்லை. பதினெட்டு கொண்டை ஊசி வளைவுக்கு மேலே இந்த வாழையைக் காப்பாற்றுவது என்ன பாடு என்று தெரிந்தால் போதும். எழுபதுகளில் வாழையைத் தாக்கும் முடிக்கொத்து என்ற வைரஸ் நோய் வந்து என் அப்பா தோட்டத்தையே வேரோடு பறித்துக் கொளுத்தினார். அன்று அவர் சாப்பிடவில்லை. பிறகு காப்பி வைத்தோம், எலுமிச்சை வைத்தோம். ஆய்வுக்கூடத்தில் நோயில்லாமல் வளர்த்த திசு வளர்ப்புக் கன்று வந்த பிறகுதான் மறுபடி வாழைக்குத் துணிந்தேன். இன்றைக்கும் தார் முற்றும் நேரத்தில் காட்டுமாடு இறங்கினால் ஒரே இரவில் வருஷ உழைப்பு போய்விடும்.

உழவர் சந்தையிலும் இதே கதைதான். 1999-ல் மதுரையில் முதல் சந்தை திறந்தபோது, இனி விளைவித்தவனே விற்பான் என்று எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! என் தங்கை சிட்டா, அடங்கல் என்று நிலத்துக்கும் பயிருக்கும் உரிய சான்றுகள் எல்லாம் கொடுத்து, அதிகாரி தோட்டத்துக்கு வந்து பார்த்த பிறகு அடையாள அட்டை வாங்கினாள். அவள் பக்கத்துக் கடையில் மானாவாரிக் காட்டுக்கு வாங்கிய அட்டையை மாட்டிக்கொண்டு ஒருவர் தினமும் கேரட்டும் முட்டைக்கோசும் விற்றார். சோளம் விளைகிற காட்டில் கேரட் எப்படி வந்தது என்று அவள் கேட்டதற்கு, அடுத்த வாரமே அவளைக் கடைசி வரிசைக்கு மாற்றினார்கள். அப்போதும் உங்களுக்குத்தான் எழுதினேன். அந்தக் கடிதம் வெளிவரவில்லை. இடமில்லாமல் போயிருக்கும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வாங்கி விற்கிறவர்கள் "வாங்கி விற்கிறோம்" என்று பலகையில் எழுதட்டும், எந்த ஊர்ச் சரக்கு என்பதையும் எழுதட்டும். இதை வேளாண் துறையின் காதில் போட உங்களால் முடியும், எங்களால் முடியவில்லை. அதற்கு முன், அந்தப் படத்தில் இருப்பது சிறுமலை வாழை அல்ல என்று இரண்டு வரி வெளியிடுங்கள். உங்கள் கட்டுரையாளரை ஒரு நாள் திண்டுக்கல்லிலிருந்து காலை பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். பழையூர் நிறுத்தத்தில் நானே வந்து அழைத்துப் போகிறேன்.

இப்படிக்கு,
மலை வாழை விவசாயி ஒருவர்,
சிறுமலை, திண்டுக்கல் மாவட்டம்.